சைட்டோகைனுக்குத் தமிழ்: நாளை மாலைக்குள் வேண்டும்

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

வணக்கம். முடக்குவாத நோயாளிகளுக்காக நான்கு பக்கக் கையேடு எழுதுகிறேன், நாளை மாலை அச்சுக்குப் போகிறது. நோய் எதிர்ப்புச் செல்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது சைட்டோகைன்கள் என்ற புரதங்களால். இந்த நோயில் டிஎன்எஃப், ஐஎல்-6 என்ற இரண்டு சைட்டோகைன்கள் மூட்டின் உள்சவ்வை ஓயாமல் உசுப்பிவிட, அது தடித்து எலும்பை அரிக்கிறது. 'சைட்டோகைன்' என்றே எழுதியிருந்தேன். காசிமேட்டில் மீன் வெட்டும் அக்கா படித்துவிட்டு, "இன்னா சார் இது, மாத்திரை பேரா?" என்றார். விடிந்து ஒரு மணி நேரத்துக்கு அவருக்கு விரல் மடங்காது. அருவாமனையைக் காலால் அழுத்திக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்.

பெரம்பூரிலிருந்து:

ச, சை, சௌ மூன்றும் மொழிமுதலில் வரா என்பது தொல்காப்பியம். கிரேக்கத்தில் கைட்டோஸ் கலம், கினேசிஸ் இயக்கம். கலம் + இயக்கி = கலவியக்கி. முயல் முயற்சி ஆனது போல, இன்ஃப்ளமேஷனுக்கு அழல் அழற்சி ஆயிற்றே, அப்படி இயல்பாக நிற்கும்.

ராயபுரத்திலிருந்து:

ஐயா, அதை ஒருமுறை வாய்விட்டுப் படித்துப் பாருங்கள். மருந்துக்கடையில் வேறு எதையோ எடுத்துக் கொடுப்பான். நன்னூலார் 'சை'க்கு எப்போதோ கதவைத் திறந்துவிட்டார். தவிர, இயக்கி என்றால் முடுக்குவது மட்டும்தான். ஐஎல்-10 அழற்சியை அடக்கும், அதுவும் சைட்டோகைனே. தூது போருக்கும் போகும், சமாதானத்துக்கும் போகும். ஆகவே 'தூதுப்புரதம்'. இந்த நோய்க்குப் போடும் அடலிமுமாப் ஊசி டிஎன்எஃப் தூதை வழியிலேயே மடக்குகிறது. டோஃபாசிட்டினிப் மாத்திரையோ, வாசலில் வந்து சொன்னதை ஜாக் நொதிகள் செல்லுக்குள் கொண்டுபோகாமல் தடுக்கிறது. டிஎன்எஃப்-இன் விரிவு ட்யூமர் நெக்ரோசிஸ் ஃபேக்டர், அதை மட்டும் 'கட்டி நசிவுக் காரணி' என்று மொழிபெயர்த்துவிடாதீர்கள். கட்டி என்று பார்த்தாலே புற்றுநோய் என்று பயந்துவிடுவார்கள்.

(சைட்டோகைன் என்று 1974-இல் பெயர் வைத்தவர் ஸ்டான்லி கோஹன். எங்கள் பக்கத்து ஸ்டான்லி மருத்துவமனையின் ஸ்டான்லி வேறு.)

தண்டையார்பேட்டையிலிருந்து:

தூதெல்லாம் புலவர் வீட்டுச் சொல். எங்கள் தெருவில் சேதிதான். 'சேதிப்புரதம்' என்று போடுங்கள்.

பெரம்பூரிலிருந்து:

சேதித்தல் என்றால் வெட்டுதல் அம்மா. வெட்டும் புரதம் என்றல்லவா பொருள்படும்? செய்தி என்று திருத்தமாக எழுதினாலாவது பரவாயில்லை.

ராயபுரத்திலிருந்து:

மூட்டின் கதியைப் பார்த்தால் வெட்டும் புரதம் என்பதும் தப்பில்லை.

வண்ணாரப்பேட்டையிலிருந்து:

தூதுக்கு நான்கு பேர், சேதிக்கு மூன்று பேர், கலவியக்கிக்கு ஒருவரே. அக்காவிடம் முதல் இரண்டையும் காட்டினேன். "சேதின்னு போடு சார். ஆனா யார் அனுப்புறான்னு போடலியே?" என்றார். நியாயம்தானே? முக்கியமாக டி செல், மேக்ரோஃபேஜ் என்ற நோய் எதிர்ப்புச் செல்கள் என்று சேர்த்துவிட்டேன். சொல் சேதிப்புரதம்தான், நான்கு பேரும் மன்னிக்கவும். சரி, மேக்ரோஃபேஜுக்கு என்ன போட? மணி நாலரை.

பெரம்பூரிலிருந்து:

பெருவிழுங்கி. சேதிக்கு என் மறுப்பு அப்படியே இருக்கட்டும்.