கரண்ட் பில்லில் நான் கேட்காத இன்னொரு கம்பெனி: சன்னிவேல்காரர்கள் யாராவது விளக்குங்கள்

சன்னிவேல்_புதுசு:

வணக்கம் மக்களே. டல்லாஸில் இருந்து கலிஃபோர்னியாவில் இருக்கிற சன்னிவேலுக்குக் குடிவந்து இரண்டாவது கரண்ட் பில் வந்திருக்கிறது. டல்லாஸில் எந்தக் கம்பெனியிடம் கரண்ட் வாங்குவது என்று நாமே தேடி ஒப்பந்தம் போடவேண்டும், அது முடிகிற தேதியைக் குறித்துவைக்க மறந்தால் ரேட் எகிறிவிடும், அதெல்லாம் பழகிப்போன விஷயம். இங்கே பிஜி அண்ட் ஈ என்கிற மின் கம்பெனி மட்டும்தான், வேறு வழியே கிடையாது என்றார்கள். சரி என்று கணக்கைத் திறந்தேன். இப்போது பில்லைப் புரட்டினால் 'சிலிக்கான் வேலி க்ளீன் எனர்ஜி' என்று தனியாக ஒரு பக்கம், அதில் தனியாக ஒரு தொகை. நான் எதிலும் கையெழுத்துப் போடவில்லை, யாரிடமும் பேசவில்லை. போதாக்குறைக்கு பிஜி அண்ட் ஈ பக்கத்தில் 'பவர் சார்ஜ் இன்டிஃபரன்ஸ் அட்ஜஸ்ட்மென்ட்' என்று வாயில் நுழையாத ஒரு வரி.

ஆபீசில் ஒருவர் "எல்லாம் கமிஷன், உடனே ஆப்ட் அவுட் பண்ணு" என்கிறார். இன்னொருவர் "அது சிட்டியோடது, பேசாமல் இரு" என்கிறார். ஒரே கரண்டுக்கு இரண்டு பேர் காசு வாங்குகிறார்களா? இவர்கள் யார்? விலகினால் லாபமா?

பில்_படிப்பவன்:

இரண்டு தடவை வாங்கவில்லை, பயப்படாதீர்கள். பில்லைக் கையில் எடுத்து பிஜி அண்ட் ஈ பக்கத்தைப் பாருங்கள். முதலில் எல்லாவற்றையும் சேர்த்து முழு ரேட்டில் போட்டிருப்பார்கள். அதற்குக் கொஞ்சம் கீழே 'ஜெனரேஷன் கிரெடிட்' என்று மைனஸ் குறியோடு ஒரு தொகை இருக்கும். "மின்சாரத்தை நாங்கள் வாங்கித் தரவில்லை, அதனால் அந்தப் பங்கைக் கழித்துவிட்டோம்" என்று அர்த்தம். கழித்த அதே பங்கைத்தான் அடுத்த பக்கத்தில் சிலிக்கான் வேலி க்ளீன் எனர்ஜி தன் ரேட்டில் போடுகிறது. நிறையப் பேர் அந்த மைனஸ் வரியைக் கவனிக்காமல் இரண்டு பக்கத்தின் தொகையையும் பார்த்துவிட்டுக் கொதிக்கிறார்கள்.

கம்பி, டிரான்ஸ்ஃபார்மர், மீட்டர், பில் போடுவது, கரண்ட் போனால் ஆள் அனுப்புவது எல்லாம் முன்பு போல பிஜி அண்ட் ஈதான். மின்சாரத்தை மொத்தமாக வாங்கும் வேலை மட்டும் ஊர்களின் கையில். சன்னிவேல், கூப்பர்டினோ, மில்பிடாஸ், மவுண்டன் வியூ, கில்ராய் என்று 12 நகரங்களும் சான்டா கிளாரா கவுண்டியும் சேர்ந்து நடத்தும் பொது அமைப்பு இது, 2017 ஏப்ரலில் கரண்ட் கொடுக்க ஆரம்பித்தது. பங்குதாரர் யாரும் கிடையாது. அந்தந்த ஊர் கவுன்சிலர்கள்தான் போர்டில் உட்கார்ந்து ரேட் முடிவு செய்கிறார்கள், கூட்டத்துக்கு யார் வேண்டுமானாலும் போய்ப் பேசலாம் (பெரும்பாலும் நாற்காலிகள்தான் இருக்கும், அது வேறு விஷயம்).

கையெழுத்து இல்லாமல் எப்படி என்றால், சட்டமே அப்படித்தான். ஊர் சேர்ந்தால் ஊரில் இருக்கிற எல்லோரும் தானாகச் சேர்ந்துவிடுவார்கள், வேண்டாதவர் விலகிக்கொள்ளலாம். சேர்ப்பதற்கு முன் 60 நாளுக்குள் இரண்டு அறிவிப்பு, சேர்த்த பின் 60 நாளுக்குள் இரண்டு அறிவிப்பு அனுப்பியாக வேண்டும். தபால் பெட்டியில் பீட்சா கூப்பனோடு ஒரு அட்டை வந்திருக்கும், தேடிப்பாருங்கள்.

மரின்_பழசு:

கொஞ்சம் பின்கதை, ஏனென்றால் இது சும்மா கிடைத்ததில்லை. 2000-01ல் கலிஃபோர்னியாவில் மின்சாரச் சந்தை வெடித்து, ஊர் ஊராகக் கரண்ட் போய், பிஜி அண்ட் ஈ திவாலுக்கே போனது. அதற்கு முன்னால் இங்கேயும் டல்லாஸ் மாதிரி வீட்டுக்காரர் கம்பெனி மாற்றிக்கொள்ளலாம், 2001ல் அந்தக் கதவைச் சாத்திவிட்டார்கள். 2002ல் ஏபி 117 என்ற சட்டம் வந்தது. தனி ஆள் மாற முடியாது, ஆனால் ஊராகச் சேர்ந்து வாங்கலாம் என்று. சட்டம் வந்தும் எட்டு வருஷம் யாராலும் தொடங்க முடியவில்லை. சான் வாக்கின் பள்ளத்தாக்கில் சில ஊர்கள் முயன்று பார்த்து 2009ல் கைவிட்டன.

கடைசியில் 2010 மே மாதம் மரின் கவுண்டிதான் முதலில் ஆரம்பித்தது. அடுத்த மாதமே தேர்தல், 'ப்ராபொசிஷன் 16'. இனிமேல் எந்த ஊர் இப்படித் தொடங்கவேண்டும் என்றாலும் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு ஒப்புதல் வேண்டும் என்று. அதற்கு பிஜி அண்ட் ஈ செலவழித்தது ஏறத்தாழ 4.6 கோடி டாலர், எதிர்ப்பக்கத்தில் இருந்தது சொற்பக் காசு. எங்கள் தெருவில் கதவுக்குக் கதவு அந்தப் பிரசார அட்டைதான். இருந்தும் தோற்றது. பிஜி அண்ட் ஈயின் வாடிக்கையாளர்கள் இருக்கிற கவுண்டிகளிலேயே எதிர்ப்பு ஓட்டு பலமாக விழுந்ததுதான் வேடிக்கை. அடுத்த வருஷம் சட்டசபை இன்னொரு சட்டம் போட்டு, மின் கம்பெனிகள் வாடிக்கையாளர் பணத்தில் இந்த அமைப்புகளுக்கு எதிராகப் பிரசாரம் செய்வதற்குக் கடிவாளம் போட்டது.

அப்புறம் 2014ல் சோனோமா, 2016ல் சான் ஃபிரான்சிஸ்கோவும் சான் மட்டேயோவும், 2018ல் ஈஸ்ட் பே (இப்போது 'ஆவா' என்கிறார்கள்), 2019ல் சான் ஹொசே வீடுகள், 2021ல் சான் டியாகோ. இன்று மாநிலத்தில் இருபதுக்கும் மேல் இருக்கின்றன, கோடிக்கும் மேற்பட்ட ஜனங்கள் இதில்தான் கரண்ட் வாங்குகிறார்கள், அதில் பாதிப்பேருக்கு அது தெரியாது என்பது என் ஊகம்.

கணக்குப்பிள்ளை:

எல்லாம் சரி, பைசா எவ்வளவு மிச்சம், அதைச் சொல்லுங்கள். நான் பில்லைப் பிரித்துப் பார்த்தவன். தள்ளுபடி கிடைப்பது ஜெனரேஷன் பகுதியில் மட்டும், அதுவும் ஓரிரு சதவீதம், சில வருஷம் இன்னும் கொஞ்சம் கூட. மொத்த பில்லில் அது ஒரு காபி காசு. பில் ஏறுவதெல்லாம் பிஜி அண்ட் ஈயின் டெலிவரி பக்கத்தில், அதாவது கம்பி வழியாகக் கொண்டுவருகிற செலவில்: காட்டுத்தீக்குப் பயந்து மரம் வெட்டுவது, கம்பியைப் பூமிக்குள் புதைப்பது. 2019ல் தீ விபத்து நஷ்டஈட்டால் மறுபடி திவால் மனு போட்ட கம்பெனி அது. சிட்டி எவ்வளவு சாமர்த்தியமாகக் கரண்ட் வாங்கினாலும் அந்தப் பகுதியில் ஒரு சென்ட்கூடக் குறைக்க முடியாது.

பக்கத்து ஊர் சான்டா கிளாராவைப் பாருங்கள். தெருவைத் தாண்டினால் யூனிட் ரேட் நம்முடையதில் பாதிகூட இல்லை. அவர்களுக்குக் கம்பியே சிட்டியின் சொத்து, நூறு வருஷத்துக்கு மேலாக. பாலோ ஆல்டோவும் அப்படித்தான். "ஊரே கரண்ட் வாங்குகிறது" என்று இங்கே பெருமைப்படுகிறவர்கள் இதையும் சேர்த்துச் சொல்லவேண்டும்.

அந்த வாயில் நுழையாத வரி, சுருக்கமாக பிசிஐஏ. சோலார் விலை உச்சத்தில் இருந்த காலத்தில் பிஜி அண்ட் ஈ நமக்காக என்று நீண்ட ஒப்பந்தங்கள் போட்டு வைத்திருக்கிறது. நாம் கிளம்பிவிட்டால் அந்தச் சுமை மிச்சம் இருப்பவர்கள் தலையில் விழும், அதனால் போகிறவரும் பங்கு கொடுக்கவேண்டும். எந்த வருஷம் வெளியே வந்தோமோ அந்த வருஷக் கணக்குப்படி. சந்தை விலை ஏறினால் இந்தக் கட்டணம் இறங்கும், சந்தை இறங்கினால் இது ஏறும். இதை எப்படிக் கணக்கிடுவது என்று இரண்டு தரப்பும் மின் கம்பெனிகளைக் கண்காணிக்கிற மாநில ஆணையத்தின் முன்னால் வருஷக்கணக்கில் அடித்துக்கொள்கிறார்கள்.

ஆபத்தும் உண்டு. ரிவர்சைட் கவுண்டியில் ஹெமெட், பெரிஸ் முதலான ஆறு ஊர்கள் 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் கம்யூனிட்டி எனர்ஜி என்று ஆரம்பித்தன. கொரோனாவில் பில் கட்டாதவர்கள் ஒரு பக்கம், ஆகஸ்ட் வெயில் அலையில் சந்தை விலை விண்ணைத் தொட்டது ஒரு பக்கம், கையில் சேமிப்பு இல்லை. 2021 மே மாதம் திவால்.

பில்_படிப்பவன்:

கணக்குப்பிள்ளை சொல்வதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்த ரிவர்சைட் கதையை முடித்துச் சொல்லுங்கள்: யார் வீட்டிலும் விளக்கு அணையவில்லை, எல்லோரையும் பழைய மின் கம்பெனி திரும்ப எடுத்துக்கொண்டது. நஷ்டம் இல்லை என்று சொல்லவில்லை, இருட்டு இல்லை என்கிறேன்.

மிச்சம் காபி காசுதான், ஒத்துக்கொள்கிறேன். எனக்கு அதைவிட முக்கியம் அந்தக் காசு எங்கே போகிறது என்பது. நம் அமைப்பும் மான்டெரே பக்கத்து அமைப்பும் சேர்ந்து கெர்ன், கிங்ஸ் கவுண்டிகளில் புதிதாகக் கட்டின சோலார்-பேட்டரி நிலையங்களோடு நீண்ட கால ஒப்பந்தம் போட்டன. அந்த ஒப்பந்தத்தைக் காட்டித்தான் கட்டுகிறவருக்கு பேங்க் கடன் கிடைக்கிறது. யாரோ ஏற்கெனவே கட்டின காற்றாலையின் சான்றிதழை வாங்கி "நாங்கள் பச்சை" என்று விளம்பரம் செய்வதும் இதுவும் ஒன்றல்ல. ஆரம்பத்தில் மரின்கூட ஷெல் என்கிற எண்ணெய்க் கம்பெனியின் வழியாகத்தான் வாங்கியது, அதைச் சொல்லிச் சொல்லியே கேலி செய்தார்கள். அங்கிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறது.

சிகாகோ_மாமா:

கலிஃபோர்னியாக்காரர்கள் இதை நீங்கள்தான் கண்டுபிடித்தது போலப் பேசுகிறீர்களே! முதல் சட்டம் மாசசூசெட்ஸில், 1997. அடுத்தது ஒஹாயோ. எங்கள் இல்லினாயில் 2012 வாக்கில் ஊருக்கு ஊர் ஓட்டு வைத்துச் சேர்ந்தார்கள், சிகாகோவே அந்த நவம்பரில் ஓட்டுப் போட்டுச் சேர்ந்தது. காரணம் பச்சையும் இல்லை ஒன்றும் இல்லை, சுத்தமாக விலைதான். அப்போது எங்கள் மின் கம்பெனி காம்எட் பழைய விலை உயர்ந்த ஒப்பந்தங்களில் மாட்டிக்கொண்டிருந்தது, சந்தையில் அதைவிட மலிவு. முதல் வருஷம் எல்லோருக்கும் கொண்டாட்டம். அந்த ஒப்பந்தங்கள் 2013ல் முடிந்ததும் காம்எட் ரேட்டும் இறங்கிவிட்டது, சிட்டி வாங்கினது அதற்கு மேலே போய்விட்டது, 2015ல் சிகாகோ கடையைக் கட்டியது. மலிவு என்பதற்காக மட்டும் சேர்ந்தால் மலிவு போகும்போது கூட்டமும் போய்விடும் தம்பி.

பாஸ்டன்_குளிர்:

எங்கள் பக்கம் நேர் எதிர் அனுபவம். இங்கே மின் கம்பெனியின் ரேட் வருஷத்துக்கு இரண்டு தடவை மாறும். 2022 நவம்பரில் நேஷனல் கிரிட் ஜெனரேஷன் ரேட்டை யூனிட்டுக்கு ஏறத்தாழ 34 சென்ட் ஆக்கியது, உக்ரைன் போரில் எரிவாயு ஏறினதன் விளைவு. அதற்கு முன்பே நீண்ட ஒப்பந்தம் போட்டு வைத்திருந்த சில ஊர்களில் அதில் பாதிக்கும் குறைவாகக் கொடுத்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பேச்சே "உங்கள் டவுன் சேர்ந்திருக்கிறதா?" என்பதுதான். ஒப்பந்தம் முடிகிற நேரத்தைப் பொறுத்தது எல்லாம், அடுத்த தடவை தலைகீழாகவும் ஆகலாம்.

ஒரு எச்சரிக்கை. இங்கே தனியார் கம்பெனிகள் வீட்டு வாசலில் வந்து "பில்லைக் காட்டுங்கள், சிட்டி திட்டம்" என்பார்கள். சிட்டி திட்டத்துக்கு யாரும் வாசலுக்கு வந்து உங்கள் அக்கவுண்ட் நம்பர் கேட்க மாட்டார்கள். அந்தத் தனியார் கம்பெனிகளிடம் போன வீட்டுக்காரர்கள் இரண்டு வருஷத்தில் 17 கோடி டாலருக்கு மேல் கூடுதலாகக் கொடுத்தார்கள் என்று மாநில அட்டர்னி ஜெனரல் 2018ல் அறிக்கையே விட்டார். என் மாமியார் தனியாக இருக்கும்போது ஒருவர் வந்து பில்லைப் போட்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டார், திரும்ப மாற்றுவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது.

கூரை_வெயில்:

மில்பிடாஸ். கூரையில் சோலார் பேனல் இருப்பவர்கள் மட்டும் இதைப் படியுங்கள். உங்களுக்கு இரண்டு கணக்கு ஓடும், ஜெனரேஷன் ஒரு இடத்தில், டெலிவரி பிஜி அண்ட் ஈயிடம். இங்கிருந்து அங்கேயோ அங்கிருந்து இங்கேயோ நடுவருஷத்தில் மாறினால் அன்றைக்கே ட்ரூ-அப் போட்டுக் கணக்கை முடித்துப் புதிதாகத் தொடங்குவார்கள். கோடை முழுக்கச் சேர்த்த கிரெடிட் குளிர்காலத்துக்கு உதவாமல் போய்விடும். மாறித்தான் ஆகவேண்டும் என்றால் வருஷக் கணக்கு முடிகிற மாதத்தை ஒட்டி மாறுங்கள். 2023 ஏப்ரல் 15க்கு முன் விண்ணப்பித்த பழைய நெட் மீட்டரிங்காரர்கள் (மிஞ்சுகிற சோலார் கரண்டைக் கம்பிக்கு அனுப்பி பில்லில் கழித்துக்கொள்கிறவர்கள்) இன்னும் ஜாக்கிரதை, எதையும் தொடுவதற்கு முன் இரண்டு இடத்துக்கும் போன் செய்து கேளுங்கள்.

சன்னிவேல்_புதுசு:

எல்லோருக்கும் நன்றி, மைனஸ் வரியைக் கண்டுபிடித்துவிட்டேன். எனக்குக் கூரையில் ஒன்றும் இல்லை, ஒரு எலக்ட்ரிக் கார் மட்டும் வாங்கப்போகிறேன். கடைசியாக ஒன்று: விலகிப் பார்த்துவிட்டுப் பிடிக்கவில்லை என்றால் திரும்பி வரலாமா? அப்புறம் 100 சதவீதம் ரின்யூவபிள் என்று 'க்ரீன்பிரைம்' இருக்கிறதே, அது?

பில்_படிப்பவன்:

சேர்ந்த முதல் 60 நாளுக்குள் விலகினால் ஒரு செலவும் இல்லை. அதற்குப் பின் விலகினால் ஆறு மாத நோட்டீஸ் கொடுக்கவேண்டும், இல்லையென்றால் அந்த ஆறு மாதமும் சந்தை விலையை ஒட்டின இடைக்கால ரேட்டில் போடுவார்கள், அது எப்படி இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தரமுடியாது. போனபின் ஒரு வருஷம் திரும்பி வர முடியாது. க்ரீன்பிரைம் யூனிட்டுக்குக் கொஞ்சம் கூட, மனசுக்குப் பிடித்தால் போங்கள், எப்போது வேண்டுமானாலும் வழக்கமான பிளானான க்ரீன்ஸ்டார்ட்டுக்கு இறங்கலாம்.

கார் வந்தால் யார் கரண்ட் விற்கிறார்கள் என்பதைவிட எந்த ரேட் பிளானில் இருக்கிறீர்கள் என்பதுதான் பெரிய வித்தியாசம் செய்யும். இரண்டு தரப்பும் சேர்ந்து வெளியிடுகிற 'ஜாயின்ட் ரேட் கம்பாரிசன்' என்று ஒரு தாள் இருக்கிறது, இரண்டு வெப்சைட்டிலும் கிடைக்கும். அதில் எலக்ட்ரிக் கார்காரர்களுக்கான ஈவி2-ஏ பிளான் வரிசையைப் பாருங்கள், பிசிஐஏ எல்லாம் சேர்த்தே போட்டிருப்பார்கள். கார் வருகிற வாரமே பிளானை மாற்றிவிடுங்கள், ராத்திரி 12 மணிக்கு மேல் சார்ஜ் போடும்படி டைமர் வையுங்கள்.

கணக்குப்பிள்ளை:

அந்தத் தாளில் தேதியையும் பாருங்கள். ரேட் மாறின பிறகும் சில சமயம் பழைய தாள்தான் கூகிளில் முதலில் வருகிறது.