பருத்தி நூலில் கையில்லாச் சுவெற்றர்: 82 கண் 74 ஆகிப்போச்சு

வாவிக்கரை நூல்கண்டு:
ஏசி ஒபிசில சேர்ட்டுக்கு மேல போட வீ கழுத்து, கையில்லாச் சுவெற்றர் ஒண்டு குரோஷேயில பின்னுறன். மார்பளவு 36 அங்குலம், முடிச்சு வர 40 வேணும். டீகே (DK, நடுத்தரத்துக்குக் கொஞ்சம் மெல்லிசு) தடிப்புப் பருத்தி நூல், 4 மில்லிமீற்றர் ஊசி, அரை டிரெபிள் (நூலை ஊசியில சுத்தி, மூண்டு வளையத்தையும் ஒண்டா இழுக்கிற கண்). மாதிரித் துண்டில 10 சென்ரிமீற்றருக்கு 16 கண், 12 வரிசை. முதுகுப் பக்கத்தை 82 கண்ணோட தொடங்கினன். 20 வரிசை முடிய எண்ணினா 74, ஓரம் உள்ளுக்குச் சரியுது. எங்க பிழை? கைக்குழி, கழுத்துக் கணக்கும் சொல்லுங்க. 50 கிராம் உருண்டை 4 இருக்கு, காணுமா?

கல்முனைக் கொக்கி:
திருப்பேக்க போடுற 2 சங்கிலியிலதான் பிழை. அதைக் கண்ணா எண்ணினா வரிசைக் கடைசியில அந்தச் சங்கிலியின்ர தலையிலயும் ஒரு கண் போடவேணும். எண்ணாட்டி முதல் கண்ணை அடியோட இருக்கிற முதல் கண்ணிலயே போடவேணும். நீங்க முதல் கண்ணைத் தாண்டிப்போட்டு, கடைசியில சங்கிலித் தலையையும் சில வரிசையில விட்டிருக்கிறீங்க. எண்ணாத முறைதான் லேசு. ஒவ்வொரு வரிசையிலயும் முதல் கண்ணில வேற நிற நூல்துண்டு ஒண்டு செருகி வைங்க, 82 குறையாது. இப்ப பின்னினதைப் பிரிக்கத்தான் வேணும், நடுவில கண் கூட்டிச் சரிக்கட்டினா ஓரம் வளையும்.

கணக்கு இது. அடிப்பட்டி 6 சென்ரிமீற்றர். அதுக்கு மேல நேரா 34 வரிசை, அண்ணளவா 28 சென்ரிமீற்றர். மறுகா கைக்குழி: வரிசைத் தொடக்கத்தில 6 கண்ணை வழுக்குக் கண்ணால (ஸ்லிப் ஸ்டிச், உயரமில்லாத கண்) தாண்டுங்க, கடைசி 6ஐ பின்னாம விடுங்க. 70 வரும். அடுத்த 5 வரிசையிலயும் ரெண்டு பக்கமும் ஒவ்வொண்டு குறைச்சா 60. கைக்குழி தொடங்கினதில இருந்து 26 வரிசையில முதுகு முடியும்: தோளுக்கு 15, கழுத்துக்கு 30, மற்றத் தோளுக்கு 15.

முன்பக்கத்தில கைக்குழி தொடங்குற அதே வரிசையில நடுவால 41, 41 எண்டு பிரிச்சுப் பக்கம் பக்கமாப் பின்னுங்க. கைக்குழிக்கு 11 போக, கழுத்துப் பக்கம் 15 குறையவேணும். ஒண்டுவிட்டொரு வரிசை மட்டும் குறைச்சா 26 வரிசையில 13தான் வரும், தோளில 2 கண் மிச்சம் நிக்கும். அதால முதல் 4 வரிசையிலயும் ஒவ்வொண்டு, மிச்ச 22 வரிசையில ஒண்டுவிட்டு ஒண்டு. ஓரக் கண்ணில குறைக்காதீங்க. ஓரத்தில ஒண்டை விட்டு அடுத்த ரெண்டையும் சேர்த்தெடுங்க.

காத்தான்குடிப் பின்னல்:
மாதிரித் துண்டைத் தோச்சீங்களா? தோய்க்காத பருத்தித் துண்டை நம்பி வரிசை எண்ணக்கூடாது, பருத்தி தன்ர பாரத்தாலயே நீளத்துக்கு இழுபடும். தோச்சுக் காயவிட்டு, ரெண்டு கிளிப் மாட்டி ஒரு நாள் தொங்கவிட்டு மறுகா அளங்க. 10 சென்ரிமீற்றருக்கு 11 வரிசைதான் வந்தா மேல சொன்ன 34 வரிசை 31 ஆகும், 26 வரிசை 24 ஆகும். கழுத்துக்கும் முதல் 6 வரிசை தொடர்ந்து, மிச்ச 18இல ஒண்டுவிட்டு ஒண்டு எண்டு மாத்துங்க.

நூல் காணாது. 20க்கு 20 சென்ரிமீற்றர் துண்டு பின்னிச் சமையல் தராசில நிறுங்க. உங்கட சுவெற்றர் பட்டியோட அண்ணளவா 4900 சதுர சென்ரிமீற்றர், அந்தத் துண்டைப்போல 12¼ மடங்கு. துண்டு 20 கிராம் எண்டா 245, தையலுக்கும் ஓரத்துக்கும் 15 வீதம் கூட்டினா 280. இன்னும் 2 உருண்டை வேணும். லேபலில சாய இலக்கம் (ஒரே தரத்தில சாயம் போட்ட நூலுக்கான எண்) ஒண்டா இருக்கா எண்டு பார்த்து வாங்குங்க. கிடைக்காட்டி புது உருண்டையை அடிப்பட்டிக்கும் ஓரத்துக்கும் மட்டும் எடுங்க, நிற வித்தியாசம் கண்ணுக்குப் படாது.

வாவிக்கரை நூல்கண்டு:
நன்றி. நான் பார்த்துப் பின்னுற பற்றனில (பின்னல் குறிப்பு) அடிப்பட்டிக்கு “சிங்கிள் குரோஷே” எண்டு கிடக்கு. நமக்குப் படிப்பிச்ச பேரில அது இல்லையே?

கல்முனைக் கொக்கி:
அது அமெரிக்கப் பேர்கா. அவையின்ர சிங்கிள்தான் நம்மட பிரித்தானிய முறையில டபுள், அவையின்ர அரை டபுள் நம்மட அரை டிரெபிள். பற்றனில சிங்கிள் எண்டு ஒரு இடத்தில கண்டாலே அது அமெரிக்க முறை. பட்டிக்கு 3.5 ஊசியில 11 சங்கிலி போட்டு, 10 கண்ணாப் பின்னிழையில (கண்ணின்ர தலையில பின்பக்கமா இருக்கிற இழை) மட்டும் டபுள் பின்னுங்க. பட்டி குறுக்காலதான் வளரும். துணியை விட 5 சென்ரிமீற்றர் குறைய விட்டு, இழுத்துப் பொருத்துங்க.

காத்தான்குடிப் பின்னல்:
ஓரப்பட்டி தோளும் விலாவும் தைச்ச பிறகுதான். 3.5 ஊசியால 4 வரிசைக்கு 5 கண். வரிசைக்கு 2 எடுத்தா ஓரம் பாவாடைக் கொசுவம்போல அலையும், 1 எடுத்தா இழுத்துப் பிடிச்சுக் கையை வெட்டும். வீ முனையில ஒவ்வொரு சுற்றிலயும் 3 கண்ணை ஒண்டாக்குங்க, இல்லாட்டி முனை உருண்டு போகும். 4 சுற்றுக் காணும்.

தோய்ச்சதைக் கொடியில போடவேணாம், தண்ணிப் பாரத்தில முழங்கால் மட்டும் இறங்கும். துவாயில சுருட்டி அமத்திப்போட்டு, பாயில விரிச்சு நிழலில காயவிடுங்க. கச்சான் காத்துக்கு ஒரு பகலில காயும். மார்கழி மழைக்க எண்டா ஃபேனுக்குக் கீழ விரிச்சு, இடைக்கிடை பிரட்டுங்க, இல்லாட்டிப் பூஞ்சண மணம் பிடிச்சிரும்.