புதுப்பிப்பு: குடும்ப அறக்கட்டளை மானியம் – முதலில் 990-பிஎஃப் பாருங்கள்

அமெரிக்காவில் ஊர் அளவில் இயங்கும் தொண்டு நிறுவனங்கள் குடும்ப அறக்கட்டளைகளை அணுகுவது பற்றிய முந்தைய பதிவின் தொடர்ச்சி இது. "பல அறக்கட்டளைகளுக்கு வெப்சைட்டே இல்லையே, யாருக்குக் கொடுப்பார்கள் என்று எப்படித் தெரிந்துகொள்வது?" என்று பலர் கேட்டிருந்தீர்கள்.

இந்த அறக்கட்டளைகள் ஆண்டுதோறும் தாக்கல் செய்யும் வரிக் கணக்குப் படிவமான 990-பிஎஃப்-ஐ அமெரிக்க வரித் துறையான ஐஆர்எஸ்-இன் தளத்திலோ புரோபப்ளிகா என்ற செய்தி நிறுவனத்தின் தளத்திலோ இலவசமாகப் பார்க்கலாம். கடைசிப் பக்கங்களில் உள்ள துணைத் தகவல் பகுதிக்குப் போங்கள். 2ஆம் லைனில் ஒரு கட்டம் இருக்கும். அதில் டிக் இருந்தால், தாங்களே தேர்ந்தெடுத்தவர்களுக்கு மட்டும்தான் கொடுப்பார்கள். தபாலில் விண்ணப்பம் அனுப்புவது வீண். அதற்குப் பதிலாக, அதே படிவத்தில் உள்ள அறங்காவலர் பட்டியலில் உங்கள் நிர்வாகக் குழுவினருக்குத் தெரிந்தவர் இருக்கிறாரா என்று பாருங்கள்.

டிக் இல்லையென்றால் முகவரி, விண்ணப்பத்தில் என்ன வேண்டும், கடைசித் தேதி எல்லாம் அங்கேயே இருக்கும். 3ஆம் லைனில் யாருக்கு எவ்வளவு கொடுத்தார்கள் என்பது வரும். வழக்கமாக 5,000 டாலர் கொடுப்பவரிடம் 50,000 கேட்காதீர்கள். ஒரே ஆண்டுப் படிவத்தை நம்பவும் வேண்டாம், மூன்றாண்டு பாருங்கள். படிவம் வெளிவரத் தாமதமாகும். அதற்குள் அறங்காவலர் மாறியிருக்கலாம்.