காசும் வேண்டாம், களவும் வேண்டாம்: இணையத்தில் படம் பார்த்த நம்மூர் அனுபவங்கள்

செஞ்சை, காரைக்குடி

அப்பத்தாவுக்கு எண்பத்தெட்டு வயது. சாயந்திரம் முகப்பில் உட்கார்ந்திருந்தவர் திடீரென்று, "நாம் இருவர் படம் உன் போனில் வருமாடா?" என்று கேட்டார். 1947 பொங்கலுக்கு வந்த படம். ஏவி.எம். ஸ்டுடியோ நம்மூரில், தேவகோட்டை ரஸ்தாவில் இருந்த நாளில் எடுத்தது. 1948இல்தான் அவர்கள் சென்னை வடபழனிக்குப் போனார்கள். அப்பத்தாவுக்கு அப்போது பத்து வயது. வண்டியில் போகும்போது அவருடைய அப்பச்சி, அதாவது அப்பா, தூரத்தில் இருந்தே கைகாட்டி, "அங்கதான் படம் பிடிச்சாக" என்று சொன்னாராம். அப்புறம் படத்தைப் பார்த்ததில் குமாரி கமலா ஆடியது மட்டும் அப்படியே மனதில் நிற்கிறது என்றார்.

உடனே தேடினேன். முதலில் வந்த பக்கத்தைத் தொட்டு, படம் ஓட பட்டனை அழுத்தினால் வேறு பக்கம் திறக்கிறது. மூடிவிட்டு மறுபடி அழுத்தினால் ரம்மி விளம்பரம். மூன்றாவது தடவை வந்த படம் அப்பத்தா கண்ணில் படக்கூடாது என்று போனைக் கவிழ்த்து வைத்தேன். "என்னடா, வரலையா?" என்று கேட்கிறார். என்ன பதில் சொல்ல? மனசு ரொம்பக் கஷ்டமாகிவிட்டது. சினிமாவுக்கு முதல் போட்டு, ஸ்டுடியோ கட்டி, படம் எடுத்த ஊர் இது. இங்கே உட்கார்ந்துகொண்டு திருட்டுப் பக்கத்தில் தேட வேண்டுமா என்று இருந்தது.

அன்றைக்கு ராத்திரியே ஒழுங்கான வழிகளைத் தேட ஆரம்பித்தேன். நான் நினைத்ததைவிட நிறைய இருக்கிறது. எனக்குக் கைகொடுத்தது ஒரே கேள்விதான்: இதை இங்கே போட்டது யார்? படத்தின் உரிமை உள்ளவர்களே போட்டிருந்தால் விளம்பரம் வழியாக அவர்களுக்குக் காசு போகும், நமக்குப் படம் இலவசம். யூடியூபில் ராஜ்ஸ்ரீ தமிழ், ஏபி இண்டர்நேஷனல் மாதிரி நிறுவனங்கள் முழுப் படங்களைத் தங்கள் சேனலிலேயே வைத்திருக்கின்றன. படத்துக்குக் கீழே இருக்கும் சேனல் பெயரைத் தொட்டு, அது எத்தனை வருடமாக இருக்கிறது, வேறு என்னென்ன போட்டிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் படத்தைத் திறக்கிறேன்.

உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள். ஏமாந்ததையும் எழுதுங்கள், நாலு பேருக்கு உதவும்.

தேவகோட்டை

ஏமாந்தது எங்கள் வீட்டில் நடந்தது. என் தம்பிக்கு வாட்ஸ்அப்பில் ஒரு இணைப்பு வந்தது. அப்போதுதான் தியேட்டருக்கு வந்திருந்த படம், "இந்த ஆப்பைப் போட்டால் இலவசம்" என்று. பிளே ஸ்டோரில் இல்லாத ஆப். போனே எச்சரித்தது, அதையும் மீறி ஏற்றிவிட்டான். ஏற்றியதும் குறுஞ்செய்தியைப் படிக்க அனுமதி கேட்டிருக்கிறது. படம் பார்க்கிற ஆப்புக்கு நம் குறுஞ்செய்தி எதற்கு? அவன் யோசிக்கவில்லை, சரி என்று அழுத்திவிட்டான். படம் அரை மணி நேரம் ஓடியது, அதுவும் தியேட்டரில் யாரோ பிடித்தது, முன்னால் தலைகள் தெரிய.

மறுநாள் விடியற்காலை மூன்று தடவையாகக் கணக்கில் இருந்து 18,400 ரூபாய் போயிருந்தது. ஓடிபி எல்லாம் அந்த ஆப்பே படித்துக்கொண்டது. அவன் போனில் அந்தக் குறுஞ்செய்திகளைக்கூடக் காணோம்.

அப்பச்சிக்குத் தெரிந்தால் திட்டுவார்கள் என்று பயந்து மத்தியானம் வரை சொல்லாமல் இருந்துவிட்டான். அதுதான் பெரிய தப்பு. தெரிந்த அந்த நிமிடமே 1930க்கு அடிக்க வேண்டும். சைபர் குற்றங்களுக்கான தேசிய எண் அது. சீக்கிரம் சொன்னால் பணம் போய்ச் சேர்ந்த கணக்கை நிறுத்தி வைக்க முயற்சி செய்வார்கள். எங்களுக்கு 6,000 மட்டும் திரும்பி வந்தது. மிச்சம் போனது போனதுதான். அந்தப் பணம் அவன் கல்லூரிக்குக் கட்ட வைத்திருந்தது.

தயவுசெய்து வீட்டில் இருக்கும் பிள்ளைகளிடம், ஏதாவது நடந்தால் முதலில் வந்து சொல், திட்ட மாட்டேன் என்று சொல்லி வையுங்கள்.

புதுவயல்

புதுப் படம் இலவசமாகச் சட்டப்படி கிடைக்குமா என்று நானும் ஒரு வருடம் தேடிப் பார்த்தேன். வந்த வாரமே கிடைக்காது. கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அது திருட்டுத்தான். தியேட்டரில் படம் பிடிப்பதற்கு 2023இல் திருத்திய சினிமாட்டோகிராப் சட்டத்தில் குறைந்தது 3 மாதம், அதிகமாக 3 வருடம் சிறை. அபராதம் 3 லட்சத்தில் தொடங்கி, படத் தயாரிப்புச் செலவில் 5 சதவீதம் வரை போகும். பொறுத்திருந்தால் சில படங்கள் விளம்பரத்தோடு வரும். எம்எக்ஸ் பிளேயரில் அப்படித்தான் நான் தமிழில் பேசும் வெளிநாட்டுத் தொடர்கள் சிலவற்றைப் பார்த்தேன்.

கானாடுகாத்தான்

எங்கள் வளவை, அந்தப் பெரிய பூர்வீக வீட்டை, நான்தான் பார்த்துக்கொள்கிறேன். பங்காளிகள் எல்லோரும் சென்னையிலும் மலேசியாவிலும் இருக்கிறார்கள். பத்து வருடத்துக்கு முன்னால் ஒரு படத்துக்கு வீட்டைக் கொடுத்தோம். பதினைந்து நாள் படம் பிடித்தார்கள். பட்டாலைக் கூடத்தில் தண்டவாளம் போட்டுக் கேமராவை ஓட்டினார்கள். தூண்களில் கீறல் விழக்கூடாது என்று நான் ராத்திரியெல்லாம் பழைய போர்வையைச் சுற்றிக் கட்டினேன். ஆனால் படம் வந்தபோது எங்கள் அம்மாவை ஆஸ்பத்திரியில் வைத்திருந்தேன், பார்க்கவே முடியவில்லை.

போன வருடம் மகள் யூடியூபில் எடுத்துக் கொடுத்தாள். பார்க்கப் பார்க்க எனக்கு ஏதோ பிடிபடவில்லை. நம் வீடுதான், ஆத்தங்குடிக் கல் தரைதான், ஆனால் வேறு யார் வீட்டையோ பார்ப்பது போல இருக்கிறது. அப்புறம்தான் புரிந்தது. மாடிப்படி எங்கள் வீட்டில் நுழைந்ததும் வலது கைப் பக்கம். படத்தில் இடது பக்கம் இருந்தது. கிணறு மாறி இருந்தது. கதாநாயகன் இடது கையால் சாப்பிடுகிறான், இலையில் உப்பு வலது ஓரத்தில் இருக்கிறது. படம் முழுக்கக் கண்ணாடியில் தெரிவது போலத் திருப்பிப் போட்டிருக்கிறார்கள்.

மகள் விசாரித்துச் சொன்னாள். உரிமைக்காரர் தன் படத்தை யூடியூபில் பதிந்து வைத்திருந்தால், வேறு யாராவது அதையே ஏற்றும்போது எந்திரமே ஒப்பிட்டுப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுமாம். அதை ஏமாற்றத்தான் இடம் வலமாகத் திருப்புவது, சுற்றிலும் பூப் போட்ட சட்டம் வைப்பது, குரலைக் கொஞ்சம் கீச்சென்று ஆக்குவது, வேகத்தைக் கூட்டுவது. அதற்கப்புறம் தயாரித்த கம்பெனியின் சேனலிலேயே தேடினோம், இருந்தது. நடுநடுவே விளம்பரம் வந்தது, வரட்டும். என் மாடிப்படி அதனுடைய இடத்தில் இருந்தது. நான் போர்வை சுற்றிக் காப்பாற்றிய தூண் ஒரு காட்சியில் வருகிறது, ஒரு கீறல் இல்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது.

எழுத்து இடம் வலமாகத் திரும்பித் தெரிகிறதா, ஆட்கள் இடது கையால் சாப்பிடுகிறார்களா என்று பாருங்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குக்கூட இந்த அடையாளம் போதும்.

அழகப்பா பல்கலைக்கழக விடுதி

நான் வெளிநாட்டுப் படம் அதிகம் பார்க்கிறவன். அறையில் நாங்கள் மூன்று பேர், மாதாமாதம் சந்தா கட்ட வசதி இல்லை. மோஸ்பிலிம் என்ற ரஷ்ய ஸ்டுடியோ தன்னுடைய பழைய படங்களை யூடியூபில் தானே போட்டிருக்கிறது, பலவற்றுக்குத் திரையின் அடியில் ஆங்கில மொழிபெயர்ப்பு வரிகளும் உண்டு. 'போரும் அமைதியும்' நாவலை அறுபதுகளில் நான்கு பாகமாக எடுத்தார்களே, அதை நான்கு ராத்திரியில் பார்த்தோம். போர்க்களக் காட்சிகளில் அத்தனை ஆயிரம் ஆட்கள், எல்லாம் நிஜம். கொரிய அரசின் திரைப்படக் காப்பகமும் ஒரு சேனல் வைத்திருக்கிறது. அதில் 1960இல் வந்த 'பணிப்பெண்' படத்தைப் பார்த்துவிட்டு ஒருவரும் பேசாமல் படுத்துவிட்டோம்.

இன்டர்நெட் ஆர்க்கைவ் பற்றியும் சொல்ல வேண்டும். சாப்ளின், கீட்டன் காலத்து ஊமைப் படங்களுக்கு அருமையான இடம். ஆனால் அங்கே யார் வேண்டுமானாலும் ஏற்றலாம். ஆகவே அங்கே இருக்கிறது என்பதாலேயே எல்லாம் சரியானது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. உரிமைக் காலம் முடிந்திருக்குமா என்று அறிய, படம் எந்த ஆண்டு வந்தது என்று பார்த்துவிட்டே நான் திறப்பேன்.

பள்ளத்தூர்

மகள் நியூஜெர்சியில் இருக்கிறாள். பேரன் பிறந்தபோது ஆறு மாதம் அங்கே இருந்தேன். குளிர் காலம், வெளியே போக முடியாது. மகள் நூலக அட்டையை வைத்து கனோபி என்ற ஒன்றைத் திறந்து கொடுத்தாள். ஊர் நூலகமே நமக்காகப் பணம் கட்டுகிறது, நமக்கு மாதம் இத்தனை சீட்டு என்று கணக்கு, விளம்பரமே கிடையாது. புத்தகம் இரவல் எடுப்பது மாதிரிப் படத்தை இரவல் எடுக்கிறோம். உலகத்தில் இப்படியும் ஒரு ஏற்பாடு இருக்கிறதே என்று எனக்கு ஆச்சரியம். அமெரிக்காவில் பிள்ளைகள் இருக்கிற ஆச்சிமார் அங்கே போகும்போது மறக்காமல் கேளுங்கள்.

ஊருக்குத் திரும்பியதும் அது எனக்கு வேலை செய்யவில்லை. இங்கே இப்போது பிரசார் பாரதியின் வேவ்ஸ் ஆப்தான். 2024 நவம்பரில் வந்தது, பதிவு செய்யக் காசு இல்லை. நம் பொதிகை, இப்போது டிடி தமிழ் என்று பெயர், அதையும் நேரலையில் பார்க்கலாம். மத்தியானச் சமையல் முடிந்ததும் போட்டுக்கொள்வேன்.

கொத்தமங்கலம்

செஞ்சை அண்ணனுக்கு ஒரு கேள்வி. பழைய படங்களை யார் யாரோ போட்டிருக்கிறார்களே, அதைப் பார்ப்பது தப்பில்லையா? அப்பத்தாவுக்கு அந்தப் படம் கடைசியில் கிடைத்ததா?

செஞ்சை, காரைக்குடி

கிடைத்தது தம்பி. நீங்கள் கேட்டதேதான் எனக்கும் முதலில் தோன்றியது, வழக்கறிஞராக இருக்கும் அம்மானிடம் கேட்டேன். நம் சட்டப்படி ஒரு சினிமாவுக்குப் பதிப்புரிமை, அது வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டு தொடங்கி 60 ஆண்டுகள். 'நாம் இருவர்' 1947 என்றால் 2007 முடிந்தபோதே அந்தப் படம் எல்லோருக்கும் பொதுவாகிவிட்டது. 1964 வரை வந்த படங்கள் எல்லாம் 2025 பிறந்தபோது அப்படி ஆகிவிட்டன. அந்தக் காலத்துப் படத்தை யார் போட்டிருந்தாலும் மனசு உறுத்தாமல் பார்க்கலாம். ஒன்று மட்டும் அம்மான் எச்சரித்தார். படம் பொதுவானாலும் பாட்டு எழுதியவரின் உரிமை தனிக் கணக்கு, அவர் காலமாகி 60 ஆண்டுகள் வரை அது இருக்கும். நம் சிறுகூடல்பட்டிக் கவிஞர் கண்ணதாசன் காலமானது 1981இல். அவருடைய வரிகளுக்கு 2041 வரை உரிமை உண்டு. பார்ப்பவர்களுக்கு இதனால் ஒன்றுமில்லை. வெட்டி ஒட்டித் தங்கள் சேனலில் போட நினைப்பவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

இந்தப் படத்தைப் பற்றிப் பேசினால் பாரதி பாட்டைச் சொல்லாமல் இருக்க முடியாது. படத்தில் வருகிற பாட்டுகளில் சில பாரதியுடையவை. அந்தக் காலத்தில் அவர் பாட்டை இசைத்தட்டிலும் சினிமாவிலும் பயன்படுத்தும் உரிமை ஏவி.மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது, விலை கொடுத்து வாங்கியது. பாரதி பாட்டு நாட்டுக்குப் பொதுவாக வேண்டும் என்று பலரும் குரல் கொடுத்தார்கள். 1949இல் அரசாங்கம் கேட்டபோது பணம் வாங்காமல் கொடுத்துவிட்டார். இன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் யாரையும் கேட்காமல் பாரதி பாட்டைப் பாடுகிறார்களே, அதற்குப் பின்னால் நம்மூர்க்காரர் கையும் இருக்கிறது. உரிமை உள்ளவர் மனம் ஒப்பிக் கொடுப்பதற்கும், நாமாகப் போய் எடுத்துக்கொள்வதற்கும் எவ்வளவு வித்தியாசம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

அப்பத்தா பார்த்ததைச் சொல்கிறேன். பிரிண்ட் அவ்வளவு தெளிவில்லை, மழை பெய்கிற மாதிரிக் கோடு கோடாக இருந்தது. முதல் அரை மணி நேரம் போனைக் கையிலேயே பிடித்திருந்தார், அப்புறம் கை வலிக்கிறது என்று அரிசிப் பெட்டி மேல் சாய்த்து வைத்தேன். பட்டம்மாள் பாட, 'ஆடுவோமே பள்ளுப் பாடுவோமே' என்று கமலா ஆடுகிற இடம் வந்ததும் போன் அருகில் முகத்தைக் கொண்டுபோனார். வலது கை விரல்கள் மடியில் தாளம் போட்டன. முடிந்ததும், "இன்னொரு தடவை வை" என்றார். ஐந்து தடவை வைத்தேன். ஒவ்வொரு தடவையும் சரியாக அந்த இடத்துக்குத் தள்ளிக் கொண்டுபோவதுதான் சிரமமாக இருந்தது.

இப்போது தெருவில் உள்ள அவர் வயது ஆச்சிகள் நான்கு பேர் தங்களுக்கும் காட்டச் சொல்கிறார்கள். சின்னத் திரையில் அவர்களுக்குக் கண் எட்டாது. வரும் சனிக்கிழமை சாயந்திரம் எங்கள் பட்டாலையில் டிவியை வைத்துப் போடலாம் என்று இருக்கிறேன். மடிக்கணினி இருக்கிறது, டிவியோடு இணைக்க நீளமான எச்டிஎம்ஐ கேபிள்தான் இல்லை. யாரிடமாவது இருக்கிறதா?

கோட்டையூர்

என்னிடம் ஐந்து மீட்டர் கேபிள் இருக்கிறது அண்ணே. சனிக்கிழமை நான்கு மணிக்குள் கொண்டுவந்துவிடுகிறேன். எங்கள் ஐயாவையும் அழைத்து வரலாமா? அவர்களும் அந்தப் படத்தைப் பார்த்தவர்கள்தான்.

செஞ்சை, காரைக்குடி

கட்டாயம் அழைத்து வாருங்கள். படி ஏற வேண்டாம், பின்கட்டு வாசலைத் திறந்து வைக்கிறேன்.