ஜெர்மனியில் சரக்கு வைக்கக் கிடங்கு: மூன்று கொட்டேஷன் கையில், எதைப் பார்த்து முடிவெடுப்பது?

நொய்யல்கரை (திருப்பூர்):

எல்லோருக்கும் வணக்கம். பதினொரு வருடமாகக் குழந்தை உடை தைக்கிறோம். ஆர்கானிக் காட்டன், பிறந்த குழந்தையிலிருந்து ஒன்றரை வயது வரை. இதுநாள் வரை பையிங் ஹவுஸ் கொடுக்கும் ஆர்டர், எஃப்ஓபி கணக்கு. தூத்துக்குடியில் கார்ட்டன் கப்பல் ஏறிவிட்டால் எங்கள் வேலை முடிந்தது. நாங்கள் தைத்த ஜப்லாவை எந்த ஊரில் எந்தக் குழந்தை போட்டது என்று எனக்குத் தெரிந்ததே இல்லை. அது எனக்கு ரொம்ப நாளாகவே ஒரு குறை.

போன வருடம் துணிந்து, சொந்தப் பெயரில் ஜெர்மன் மொழியில் ஒரு இணையக் கடை திறந்தோம். ஆர்டர் வர வர இங்கிருந்தே கூரியரில் அனுப்பினோம். துணி பிடித்திருக்கிறது என்று எழுதினார்கள். ஆனால் வாசலில் வரி கேட்டார்கள், பத்து நாள் ஆனது, சைஸ் மாற்ற முடியவில்லை என்றும் எழுதினார்கள். திருப்பி அனுப்பும் செலவு உடையின் விலையைவிட அதிகம் என்பதால் நான்கு பேருக்குப் பணத்தைக் கொடுத்து, துணியை அவர்களே வைத்துக்கொள்ளச் சொன்னேன். அதனால் சரக்கை அங்கேயே வைத்து, அங்கிருந்தே அனுப்பும் ஒரு நிறுவனம் வேண்டும்.

மூன்று கொட்டேஷன் வந்திருக்கிறது. ஒன்று டூயிஸ்பர்க் பக்கம், பெரிய நிறுவனம். ஒரு ஆர்டர் எடுத்துப் பேக் செய்ய 2.40 யூரோ, மாதம் குறைந்தபட்ச பில் 1,500 யூரோ. இரண்டாவது நெதர்லாந்தில் வென்லோ, நடுத்தர நிறுவனம், 2.15 யூரோ, குறைந்தபட்சம் 600. மூன்றாவது போலந்தில் வ்ரோத்ஸ்வாஃப் அருகில், 1.45 யூரோ, குறைந்தபட்சம் இல்லை.

எங்களிடம் 24 மாடல், 5 சைஸ், 3 கலர், ஆக 360 விதம். மாதம் 300 ஆர்டர் எதிர்பார்க்கிறேன். அப்பா போலந்துதான் என்கிறார். ஆடிட்டரும் அதையே சொல்கிறார். கணக்குப்படி சரிதான், ஆனால் எனக்கு மனது ஒப்பவில்லை. ஏன் என்று என்னாலேயே சொல்ல முடியவில்லை. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

டோட்முண்ட் தமிழன்:

தங்கச்சி, வணக்கம். நான் ஜேர்மனிக்கு வந்து இருபத்தாறு வருசம். அதில் எட்டு வருசம் ஒரு உடுப்புக் கிடங்கில், திரும்பி வரும் பொதிகளைப் பிரிக்கும் பகுதியில் வேலை செய்கிறேன். உங்கள் மூன்று விலையையும் பார்த்தேன். போகும் பொதிக்கு எவ்வளவு என்றுதான் மூன்றிலும் இருக்கிறது. திரும்பி வரும் பொதியைப் பற்றி நீங்கள் ஒரு வரி கூட எழுதவில்லை. உங்களுக்கு மனது ஒப்பாததற்குக் காரணம் அதுவாகத்தான் இருக்கும்.

இங்கே குழந்தை உடுப்பு பிள்ளையின் உயரத்தை வைத்துச் சென்ரிமீற்றர் கணக்கில் என்பது உங்களுக்குத் தெரியும்: 50, 56, 62, 68, 74. தாய்மார் 62, 68 இரண்டையும் எடுத்துப் பிள்ளைக்குப் போட்டுப் பார்த்து, ஒன்றைத் திருப்பி அனுப்புவார்கள். பிழையாக நினைத்துச் செய்வதில்லை. இணையத்தில் வாங்கினால் காரணம் சொல்லாமலே பதினான்கு நாளுக்குள் விலகலாம் என்பது சட்டம். அதோடு இங்கே பலர் பொருள் கைக்கு வந்த பிறகு பில்லுக்குப் பணம் கட்டிப் பழகியவர்கள். திருப்பி அனுப்புவது இங்கே கடைக்குப் போய் உடுப்புப் போட்டுப் பார்ப்பது மாதிரி. அது இல்லாமல் உடுப்பு விற்க ஏலாது.

இப்போது என் மேசைக்கு வாருங்கள். பொதியைப் பிரித்தால் முதலில் மணந்து பார்ப்பேன். சிகரெட் மணம், வாசனைச் சோப்பு மணம், பூனை மயிர். பிறகு கழுத்து, பொத்தான், பாலின் கறை. எல்லாம் சரி என்றால் மடித்து, புதுப் பொலித்தீன் பையில் போட்டு, பார்கோடு ஒட்டி, அதே தட்டில் திரும்ப வைக்க வேண்டும். ஒரு சின்ன பாடிசூட்டைக் கடையில் இருந்த மாதிரி மடிக்க இரண்டு நிமிடம் போகும். இதைச் செய்யும் இடமும் இருக்கிறது. திறந்து எண்ணி, ஒரு பெட்டியில் கொட்டி, மூன்று வாரம் மூலையில் வைக்கும் இடமும் இருக்கிறது. அந்த மூன்று வாரத்தில் உங்கள் கடையில் 68 சைஸ் 'இருப்பில் இல்லை' என்று காட்டும். உண்மையில் நாற்பது துண்டு மூலையில் கிடக்கும். குழந்தை அதற்குள் வளர்ந்துவிடும், தங்கச்சி. குளிருக்கு வாங்கும் உடுப்பு பங்குனியில் தட்டுக்கு வந்து என்ன பயன்?

போலந்தைப் பற்றி ஒன்று. அங்கே வேலை செய்பவர்கள் திறமானவர்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் பல இடங்களில், வாடிக்கையாளர் திருப்பி அனுப்பும் பொதி முதலில் ஜேர்மன் விலாசம் ஒன்றுக்கு வரும். அங்கே பலகை (பொதிகளை அடுக்கும் பாலெட்) நிறையும் வரை காத்திருந்து, பிறகுதான் லொறியில் எல்லை தாண்டும். வாரத்தில் எத்தனை தரம் லொறி போகிறது என்று கேளுங்கள். தாய்க்குப் பணம் எப்போது திரும்பக் கிடைக்கும் என்பது அந்த லொறியைப் பொறுத்தது.

மூன்று இடத்துக்கும் ஒரே பரீட்சை வையுங்கள். உங்கள் உடுப்பில் இருபது துண்டு அனுப்பி, அதில் நான்கில் வேண்டுமென்றே பிழை செய்யுங்கள்: ஒன்றில் பொத்தான் இல்லை, ஒன்றில் தேநீர்க் கறை, ஒன்றில் சைஸ் மாற்றி, ஒன்றில் வாசனைத் தண்ணி. இதைத் திரும்பி வந்த பொதியாக நினைத்துப் பிரித்துப் படம் எடுத்து அனுப்புங்கள் என்று சொல்லுங்கள். நான்கையும் யார் பிடிக்கிறார்களோ அவர்களோடு கதையுங்கள்.

---

கரூர் ஜவுளி:

அம்மணி, டோட்முண்ட் அண்ணன் சொன்னது அத்தனையும் சரி. நான் காகிதப் பக்கம் சொல்கிறேன். டேபிள் கிளாத், கிச்சன் டவல் செய்கிறோம். ஆறு வருடத்துக்கு முன்னால் அங்கே ஒரு கிடங்கில் சரக்கு வைத்தோம். பேர் வேண்டாம். நான் ஒப்பந்தத்தைப் படிக்காமல் விலைப்பட்டியலை மட்டும் படித்துக் கையெழுத்துப் போட்டேன்.

ஜெர்மனியில் நிறைய நிறுவனங்கள் ஏடிஎஸ்பி 2017 என்ற, சரக்குத் தொழிலுக்கான பொது விதிகளின்படி வேலை செய்கின்றன. கொட்டேஷனின் அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி இருக்கும், அவ்வளவுதான். அதன்படி சரக்கு தொலைந்தாலோ கெட்டாலோ அவர்கள் பொறுப்பு அதிகபட்சம் கிலோவுக்கு 8.33 எஸ்டிஆர் (சர்வதேச நிதியத்தின் கணக்கு அலகு). அதாவது சுமார் 10 யூரோ. எங்கள் டேபிள் கிளாத் கனமான துணி, அதற்கே பத்தவில்லை. உங்கள் உடை ஒன்று 110 கிராம் என்று வைத்தால் கிலோவுக்கு ஒன்பது பீஸ். ஒன்பது பீஸுக்கு மொத்தம் 10 யூரோ! தைத்த கூலி கூடத் தேறாது. இதற்குத் தனியாகச் சரக்குக் காப்பீடு எடுங்கள், இருப்புக் கணக்கில் எத்தனை சதவீதம் குறைந்தால் அவர்கள் பொறுப்பு என்பதையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்தது ரொம்ப முக்கியம். பில் பாக்கி இருந்தால் உங்கள் சரக்கைப் பிடித்து வைக்க அவர்களுக்குச் சட்டப்படியே உரிமை உண்டு. ஜெர்மன் வணிகச் சட்டத்திலேயே கிடங்குக்காரருக்கு அந்தப் பிடிமானம் கொடுத்திருக்கிறார்கள். நாங்கள் வேறு இடத்துக்கு மாற நினைத்தபோது, தகராறான ஒரு பில்லுக்காக நவம்பர் முழுக்கச் சரக்கு வெளியே வரவில்லை. கிறிஸ்துமஸ் டேபிள் கிளாத்துங்க அது. ஜனவரியில் வந்து என்ன செய்ய? வெளியேறும்போது ஒரு பலகைக்கு எவ்வளவு, எத்தனை நாளில் தருவார்கள், தகராறு இருந்தால் அந்தத் தொகை அளவுக்கு மட்டும்தான் பிடித்து வைக்கலாம் என்பதை உள்ளே நுழையும்போதே எழுதிக்கொள்ளுங்கள். சம்பந்தம் பேசும்போது பிரிவைப் பற்றிப் பேசுவதா என்று கூச்சமாகத்தான் இருக்கும். பேசிவிடுங்கள்.

அப்புறம் அந்த 360 விதம். சேமிப்பு வாடகை பலகைக்கா, தட்டில் ஒரு அறைக்கா என்று பாருங்கள். உங்கள் சரக்கு மொத்தமும் பத்துப் பலகைக்குள் அடங்கிவிடும். ஆனால் ஒவ்வொரு விதத்துக்கும் தனி அறை வேண்டும். அறைக்கு 90 சென்ட் போட்டாலே மாதம் 324 யூரோ. உங்கள் 300 ஆர்டருக்குப் பங்கு போட்டால், ஆர்டருக்கு ஒரு யூரோவுக்கு மேல் ஏறிவிட்டது. 1.45 எங்கே போச்சு பாருங்கள்.

---

கப்பல் காகிதம் (கோவை):

மேடம், கஸ்டம்ஸ் பக்கம் நான் பார்க்கிறேன். யாரும் இன்னும் கேட்காத கேள்வி: ஐரோப்பாவில் இறக்குமதியாளர் யார்? இதுவரை வாங்குபவர் இறக்குமதி செய்தார். இப்போது சரக்கு உங்களுடையது, வாங்குபவர் இன்னும் பிறக்கவே இல்லை. அப்படியென்றால் இறக்குமதி செய்வது நீங்கள்தான். இஓஆர்ஐ எண், அதாவது ஐரோப்பியச் சுங்கத்தில் வணிகருக்குத் தரும் அடையாள எண், நீங்கள் எடுக்கலாம். ஆனால் அங்கே நிறுவனம் இல்லாதவர் தானே சுங்க டிக்ளரேஷன் போட முடியாது. அங்கே உள்ள ஒருவர் மறைமுகப் பிரதிநிதியாக, அதாவது உங்களுக்காகத் தன் பெயரில், நிற்க வேண்டும். வரி பாக்கி வந்தால் அவரும் சேர்ந்து பொறுப்பு. அதனால் பல கிடங்குகள் மாட்டேன் என்பார்கள், சிலர் டெபாசிட் கேட்பார்கள். முதல் ஃபோனிலேயே இதைக் கேட்டுவிடுங்கள்.

உங்கள் பருத்திப் பின்னல் குழந்தை உடைக்கு வழக்கமான சுங்க விகிதம் 12 சதவீதம். சலுகை விகிதம் மாறிக்கொண்டே இருக்கும் விஷயம், அனுப்பும் வாரத்தில் பார்த்துக்கொள்வோம். அதற்கு மேல் வாட் (மதிப்புக் கூட்டு வரி). ஜெர்மனியில் இறக்கினால் 19 சதவீதம் கட்டிவிட்டுப் பிறகு திரும்பக் கேட்க வேண்டும். நெதர்லாந்தில் நிதிப் பிரதிநிதி (உங்கள் வாட் கணக்கைப் பார்க்கும் உள்ளூர் ஆள்) ஒருவரை வைத்துக்கொண்டால், அங்கே 23ஆம் பிரிவு என்பார்கள், இறக்கும்போது கையிலிருந்து கட்டாமல் கணக்கிலேயே காட்டிக் கழிக்கலாம். உங்களைப் போல் நடப்பு மூலதனத்தை எண்ணிச் செலவழிப்பவருக்கு இது பெரிய விஷயம். பிரதிநிதிக்கு ஆண்டுக் கட்டணம் உண்டு, அதைக் கழித்துப் பாருங்கள். போலந்து என்றால் அங்கேயும் வாட் பதிவு, நிதிப் பிரதிநிதி எல்லாம் வேண்டும். சரக்கு எந்த நாட்டில் இருக்கிறதோ அந்த நாட்டில் பதிவு கட்டாயம்.

கிடங்கு எங்கே இருந்தாலும், ஜெர்மன் வீட்டுக்குப் பெட்டி போனால் லூசிட் என்ற பேக்கேஜிங் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்க வேண்டும். 2022 ஜூலையிலிருந்து, பதிவு இல்லாதவருக்குக் கிடங்குகள் வேலை செய்யக் கூடாது. 2024 டிசம்பர் 13 முதல், பொருள் பாதுகாப்புக்கு ஐரோப்பாவில் பொறுப்பாளர் ஒருவர் வேண்டும். அவர் பெயரும் முகவரியும் மின்னஞ்சலும் உடையிலோ பேக்கிங்கிலோ அச்சாக வேண்டும். உடையில் தொங்கும் ஹேங்டேக் அட்டையை அச்சடிக்கும் முன் இதை முடித்துவிடுங்கள். உடையோடு சேர்த்துத் தைத்த குல்லாயில் (ஹூட்) நாடா வைத்த மாடல் இருந்தால் அதையும் நிறுத்துங்கள், குழந்தை உடையில் கழுத்துப் பக்கம் கயிறே கூடாது.

இதையெல்லாம் நீங்கள் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் கேட்ட கிடங்கு எது? என் அனுபவத்தில் அதுதான் வேலை தெரிந்த கிடங்கு.

---

நொய்யல்கரை (திருப்பூர்):

மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. பதில் எழுத மூன்று வாரம் ஆகிவிட்டது, அண்ணா சொன்ன பரீட்சையை வைத்துவிட்டு எழுதலாம் என்று காத்திருந்தேன்.

பார்சலை நானே கட்டினேன். எங்கள் செக்கிங் அக்காவிடம் பொத்தானைப் பிய்க்கச் சொன்னபோது அவர் கை வரவில்லை. 'நல்ல பீஸைப் போய்' என்று வருத்தப்பட்டார். காரணத்தைச் சொன்னதும் அவரே ஐந்தாவதாக ஒரு பிழை சேர்த்தார்: உள்பக்கம் அரை அங்குலத் தையல் விட்டுப்போன ஒரு பாடிசூட்.

டூயிஸ்பர்க்காரர்கள் இவ்வளவு சிறிய கணக்குக்குப் பரீட்சை செய்வதில்லை என்று மரியாதையாக எழுதிவிட்டார்கள். அதுவும் ஒரு பதில்தான். போலந்தில் கறையையும் பொத்தானையும் சைஸையும் பிடித்தார்கள், வாசனையை விட்டுவிட்டார்கள். திரும்பும் லொறி வாரம் ஒன்று. வென்லோவில் ஐந்தையும் பிடித்தார்கள். அக்கா விட்ட தையலுக்குப் பக்கத்தில் பென்சிலால் அம்புக்குறி போட்டுப் படம் அனுப்பியிருந்தார் ஒரு அம்மா. மடித்த விதத்தைப் பார்த்து எங்கள் பேக்கிங் பெண்கள், 'நம்ம மடிப்பு மாதிரியே இருக்கு' என்றார்கள். லூசிட் பதிவு எண்ணையும் அவர்கள் முதல் மெயிலிலேயே கேட்டிருந்தார்கள். நான்தான் என்னவென்று புரியாமல் விட்டுவிட்டேன்.

கரூர் அண்ணா, கணக்கை மறுபடி போட்டேன். 300 ஆர்டர், அதில் 120 திரும்பும் என்று வைத்து, தட்டு அறை, மறுபேக்கிங், நிதிப் பிரதிநிதி எல்லாம் சேர்த்தால் வென்லோவுக்கும் போலந்துக்கும் ஆர்டருக்கு 40 சென்ட்தான் வித்தியாசம். அந்தத் தாளை அப்பா முன்னால் வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை கூட்டிப் பார்த்தார். 'முதல்ல 24 மாடலையும் அனுப்பாதே, எட்டு போதும்' என்றார். அதுவும் சரிதான். எட்டு மாடல் என்றால் 120 அறை.

கப்பல் ஆப்பிரிக்காவைச் சுற்றிப் போனால், செங்கடல் வழியைவிடப் பத்து, பதினான்கு நாள் கூடுதல் என்கிறார்கள். அதனால் குளிர் சரக்கை ஜூலைக்குள் தூத்துக்குடியில் ஏற்றிவிடத் தயார் செய்கிறோம். வெளியேறும் விதியை வென்லோவுக்கு எழுதி அனுப்பினேன். பலகைக்கு 12 யூரோ, பத்து வேலை நாள் என்று ஒப்புக்கொண்டார்கள். பாக்கித் தொகை அளவுக்கு மட்டும் பிடித்து வைப்பது பற்றி வக்கீலிடம் கேட்டுச் சொல்கிறோம் என்றிருக்கிறார்கள். அந்தப் பதில் வரும்வரை கையெழுத்துப் போடவில்லை.

கோவை அண்ணா, பொறுப்பாளர் முகவரியை வாஷ் கேர் லேபிளிலேயே அச்சடித்தால் போதுமா, ஹேங்டேக்கிலும் வேண்டுமா? லேபிள்காரர் வியாழக்கிழமை அச்சுக்கு ஃபிலிம் போடுகிறார்.

---

கப்பல் காகிதம் (கோவை):

உடையிலோ பேக்கிங்கிலோ ஒரு இடத்தில் இருந்தால் போதும் மேடம். ஆனால் இணையக் கடையில் ஒவ்வொரு உடையின் பக்கத்திலும் அதே பெயர், முகவரி, மின்னஞ்சல் தெரிய வேண்டும். பொறுப்பாளர் ஒப்பந்தத்தில் கையெழுத்தான பிறகே ஃபிலிம் போடச் சொல்லுங்கள், ஆள் மாறினால் லேபிள் முழுக்க வீண்.

---

டோட்முண்ட் தமிழன்:

விட்ட தையலுக்கு அம்புக்குறி போட்ட அந்த அம்மாவைப் பற்றி வாசித்ததும் எனக்குச் சந்தோசம், தங்கச்சி. முதல் மாதத்துத் திரும்பி வந்த பட்டியலை இங்கே போடுங்கள், எந்த சைஸ் எவ்வளவு என்று நான் பார்த்துச் சொல்கிறேன். கிடங்கைப் பார்க்க நேரில் வந்தால் வென்லோவிலிருந்து எங்கள் பக்கம் இரண்டு மணித்தியாலத்துக்குள்தான். கோடையில் வந்தால் பக்கத்து ஹம் நகரில் உள்ள காமாட்சி அம்மன் கோயில் தேரும் பார்க்கலாம்.