கடைசி ஆண்டு புராஜெக்ட் கேமை ஸ்டீமில் விற்க: முதலில் கம்பனியா, வேறு ஏதாவதா?

புதிர்ப்பெட்டி (கே.எல்.)

வணக்கம். கே.எல்-இல் ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் கடைசி ஆண்டு புராஜெக்ட்டாக நாங்கள் நான்கு பேர் செய்த 2டி புதிர் கேம். யூனிட்டி என்ற கேம் எஞ்சினில் செய்தது, இப்போதைக்கு 40 நிமிடம் ஓடும். இரண்டு புரோகிராமர், ஓர் ஆர்ட்டிஸ்ட், ஒரு டிசைனர். இசை மட்டும் வெளியாள், நட்புக்காகப் போட்டுக் கொடுத்தார். ஸ்டீம் என்ற இணையக் கேம் கடையில் விற்று, அப்படியே ஸ்டூடியோவாகத் தொடர எண்ணம். இப்போதே செண்டிரியான் பெர்ஹாட் (தனியார் வரையறுக்கப்பட்ட கம்பனி) பதியலாமா? பங்கு ஆளுக்கு 25 விழுக்காடு என்று பேச்சு. எம்டெக் (மலேசிய டிஜிட்டல் பொருளாதாரக் கழகம்) மானியத்தை நம்பலாமா?

அம்பாங் ஷேடர்

தம்பி, கம்பனி ஓடிப்போகாது. கேம் உங்களுடையதுதானா என்று முதலில் பாருங்கள்.

1987 பதிப்புரிமைச் சட்டப்படி படைப்பு முதலில் படைத்தவருக்கே சொந்தம். மாணவர் பல்கலைக்கழகத்தின் ஊழியர் இல்லை. ஆனால் சேரும்போது கையெழுத்துப் போட்ட படிவமும், பல்கலைக்கழகத்தின் அறிவுசார் சொத்துக் கொள்கையும் அந்த உரிமையை மாற்றியிருக்கலாம். பல்கலைக்கழக நிதி வாங்கியிருந்தாலோ விரிவுரையாளர் எழுதிய கோட் உள்ளே இருந்தாலோ சிக்கல் கூடும். கேமின் பெயர், நான்கு பேர் பெயர், "உரிமை கோரவில்லை" என்ற வரி, அதிகாரமுள்ளவர் கையெழுத்து: இவ்வளவும் உள்ள ஒரு கடிதம் வாங்குங்கள். மேற்பார்வையாளர் வாட்ஸ்அப்பில் "ஓகே" போட்டதைக் காட்டினால் எந்தப் பதிப்பாளரும் ஏற்க மாட்டார். பட்டமளிப்புக்கு முன்பே கேளுங்கள். அதற்குப் பிறகு உங்கள் மின்னஞ்சலுக்கு அங்கே யாருக்கும் அவசரம் இருக்காது.

அடுத்தது இசை. உங்கள் பட்டியலில் எனக்கு மிகவும் பயமாக இருப்பது அதுதான். அதே சட்டப்படி உரிமை மாற்றம் எழுத்தில் இருந்தால்தான் செல்லும். நட்புக்குப் போட்ட பாட்டு, காகிதம் இல்லாவிட்டால் தன்னுடையது என்று அவர் சொல்லலாம். ஒரு தொகை கொடுத்தோ விற்பனையில் பங்கு பேசியோ இப்போதே கையெழுத்து வாங்குங்கள். விற்பனை தொடங்கிய பிறகு அதே கையெழுத்துக்கு வேறு விலை. நீங்கள் நால்வரும் ஆளுக்கொரு உரிமை மாற்றப் பத்திரம் போட வேண்டும். கம்பனி வந்த பிறகு அதன் பெயருக்குப் போடலாம். அதுவரை நால்வருக்குள் ஓர் ஒப்பந்தம் போதும்.

பிறகு அஸெட் (கேமில் உள்ள படம், ஒலி, ஃபான்ட், மாடல்) கணக்கு. ஓர் எக்ஸெல் தாள் திறந்து கோப்பு, செய்தவர், எங்கிருந்து வந்தது, லைசென்ஸ், ரசீது என்று நிரப்புங்கள். பொதுவாக மாட்டுவது: "தனிப்பட்ட பயன்பாட்டுக்கு மட்டும்" என்ற ஃபான்ட், வணிகத்துக்குத் தடை உள்ள கிரியேட்டிவ் காமன்ஸ் ஒலிகள், மாணவர் லைசென்ஸில் வாங்கிய மாயா என்ற 3டி மென்பொருளில் செய்த மாடல். மாயாவை விற்கும் ஆட்டோடெஸ்க்கின் கல்வி லைசென்ஸில் வணிகப் பயன்பாட்டுக்கு இடமில்லை. இலவச மென்பொருளான பிளெண்டரில் திரும்பச் செய்வதே மலிவு. ஏஐ கொண்டு செய்த படம், குரல் இருந்தால் ஸ்டீம் படிவத்தில் அதைச் சொல்லியாக வேண்டும்.

செந்தூல் கணக்கு

பதிவு பற்றி மட்டும். எஸ்.எஸ்.எம்-இல் (கம்பனிப் பதிவு ஆணையம்) வணிகப் பெயரில் எண்டர்பிரைஸ் (தனியாகவோ கூட்டாகவோ நடத்தும் சாதாரண வணிகம்) பதிய ஆண்டுக்கு 60 ரிங்கிட். செண்டிரியான் பெர்ஹாட்டுக்கு 1,000 ரிங்கிட். அது நுழைவுச் சீட்டு மட்டும்தான். 30 நாளுக்குள் கம்பனி செயலாளர் நியமனம், அவருக்கு மாதக் கட்டணம், ஆண்டு அறிக்கை, நிதிக் கணக்கு, வருமான வரிப் படிவம் எல்லாம் பின்னாலேயே வரும். ஒரு சென் வருமானம் இல்லாவிட்டாலும் வரும். எண்டர்பிரைஸ் கூட்டில் யார் கடன் வாங்கினாலும் நால்வர் தலையிலும் விழும். நான்கு பேருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். ஒப்பந்தமோ மானியமோ சம்பளமோ கண்ணுக்குத் தெரியும்போது நேரே செண்டிரியான் பெர்ஹாட்.

25 x 4 அழகாகத் தெரியும். ஆனால் சாதாரணத் தீர்மானத்துக்குப் பாதிக்கு மேல் வேண்டும். இரண்டுக்கு இரண்டு பிரிந்தால் கம்பனி அங்கேயே நிற்கும். முடிவெடுக்க ஒருவர் யார், எந்தெந்த விஷயத்தில் என்று பங்குதாரர் ஒப்பந்தத்தில் எழுதுங்கள். இன்னொன்று, ஆறாவது மாதம் ஒருவர் சிங்கப்பூர் வேலைக்குப் போனாலும் 25 விழுக்காடு அவரிடமே இருக்கும். அதற்குத்தான் வெஸ்டிங், அதாவது பங்கு காலப்போக்கில்தான் சொந்தமாகும் ஏற்பாடு. நான்கு ஆண்டில் படிப்படியாக, முதல் ஆண்டு முடியும் முன் விலகினால் ஒன்றுமில்லை என்பது வழக்கமான ஏற்பாடு. கேம் கம்பனிக்கு வெளியீட்டு நாளையும் ஒரு படியாக வைக்கலாம்.

மானியம்: எம்டெக் உள்ளடக்க மானியத்துக்கு உள்ளூர்க் கம்பனி வேண்டும், தொகையும் நிபந்தனையும் சுற்றுக்குச் சுற்று மாறும். கிடைத்தால் மகிழ்ச்சி, பட்ஜெட்டில் எழுதாதீர்கள். செலவை இப்படிப் பாருங்கள்: குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். முதலாளி பங்கு கே.டபிள்யூ.எஸ்.பி. (ஊழியர் சேமநிதி) 13 விழுக்காடு சேர்த்தால் ஆளுக்கு 1,921. நால்வருக்கு மாதம் 7,684, ஓராண்டுக்கு 92,208. பெர்கேசோ (ஊழியர் சமூகப் பாதுகாப்புச் சந்தா) இதில் சேரவில்லை.

தீவுக்காரன் (பினாங்கு)

எல்லாம் சரி, ஆனால் 40 நிமிட கேம் யாருக்கும் வேண்டாம். ஸ்டீமில் வாங்கிய 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால் பணம் திரும்பக் கிடைக்கும். உங்கள் கேமை முழுசாக முடித்துவிட்டே திருப்பிக் கொடுக்கலாம். இப்போது இருப்பதை டெமோவாக வையுங்கள், முழு கேம் மூன்று நான்கு மணி நேரமாவது ஓடட்டும்.

ஒரு கேமுக்கு 100 டாலர் கட்டணம். விற்பனை 1,000 டாலரைத் தாண்டினால் திரும்ப வரும். கட்டிய நாளிலிருந்து 30 நாள் கழித்துத்தான் வெளியிட முடியும். "விரைவில்" பக்கம் குறைந்தது இரண்டு வாரம் நிற்க வேண்டும் என்பது விதி. விஷ்லிஸ்ட் (வாங்க நினைப்பவர்கள் குறித்து வைக்கும் பட்டியல்) சேர அது எந்த மூலைக்கு? ஆறு மாதமாவது நிற்கட்டும். ஸ்டீமின் டெமோ விழாவான நெக்ஸ்ட் ஃபெஸ்ட் ஒரு கேமுக்கு ஒரே முறைதான், எனவே டெமோ மெருகாகும் வரை அதைத் தொடாதீர்கள்.

பணம் வரும் கணக்கு பலருக்கு அதிர்ச்சி தரும். 10 டாலரில் ஸ்டீம் 3 எடுக்கும். மலேசியாவுக்கும் அமெரிக்காவுக்கும் வருமான வரி ஒப்பந்தம் இல்லாததால், அமெரிக்காவில் விற்றதற்கு மீதி 7-இல் 30 விழுக்காடு பிடித்துவிடுவார்கள். கைக்கு 4.90. மற்ற நாட்டு விற்பனைக்கு இந்தப் பிடித்தம் இல்லை. சிங்கப்பூரில் கம்பனி திறந்தால் தப்பலாம் என்று காப்பிக்கடையில் சொல்வார்கள்; அவர்களுக்கும் அந்த ஒப்பந்தம் கிடையாது. வங்கிக் கணக்குப் பெயரும் ஸ்டீமில் கொடுத்த பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் பணம் திரும்பிப் போகும்.

பினாங்கில் குழுக்கள் கலைவது சண்டையால் குறைவு. பாயான் லெப்பாஸ் கம்பனிகள் புரோகிராமரைத் தூக்கிக்கொண்டு போவதால்தான் அதிகம். உங்கள் கோட் இருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.

புதிர்ப்பெட்டி (கே.எல்.)

நன்றி அண்ணன்மாரே. இசைக்காரரிடம் இந்த வாரமே பேசுகிறோம். இரண்டு சின்னக் கேள்வி: ஸ்டீம் கணக்கை இப்போது என் பெயரில் திறந்து, பிறகு கம்பனிக்கு மாற்ற முடியுமா? தமிழிலும் வெளியிட ஆசை, யூனிட்டியில் கொம்பு எல்லாம் இடம் மாறி விழுகிறது.

அம்பாங் ஷேடர்

மாற்றலாம். விஷ்லிஸ்ட்டும் விமர்சனங்களும் கூடவே வரும். ஆனால் இரு தரப்பும் ஒப்புதல் கொடுத்து ஸ்டீம் முடிக்கும் வரை காத்திருக்க வேண்டும், வெளியீட்டுக்கு முந்தைய வாரம் செய்யாதீர்கள்.

கொம்பு விஷயம்: யூனிட்டியின் எழுத்துக் கருவியான டெக்ஸ்ட்மெஷ் புரோ எழுத்துகளை வந்த வரிசையிலேயே அடுக்கும், தமிழுக்கு வேண்டிய வடிவமாற்றம் செய்யாது. அதனால் "கொ" உடைகிறது. அந்த வடிவமாற்றத்தைச் செய்யும் ஹார்ஃப்பஸ் பிளகின் ஒன்றைச் சேருங்கள், அல்லது வசனம் குறைவென்றால் வரிகளைப் படமாக்குங்கள். கோடோ 4 என்ற வேறு எஞ்சினில் இது தானாகச் சரியாக வரும், ஆனால் இதற்காக எஞ்சினை மாற்றாதீர்கள். வசனம் எல்லாம் கோட்டுக்குள் புதைந்திருந்தால் முதலில் அவற்றை ஒரு சிஎஸ்வி கோப்புக்கு இழுத்து வையுங்கள். புராஜெக்ட் கேம்களில் வசனம் பெரும்பாலும் கோட்டுக்குள்தான் புதைந்திருக்கும்.