34 செக்டார் பறந்தும் சில்வர் வரவில்லை: எங்கே ஓட்டை?

கோரமங்கலா வாசி கேட்டது:

வணக்கம். ஏர்லைனின் மெம்பர்ஷிப் திட்டத்தில் சில்வர் நிலையைப் பிடிக்கப் பார்க்கிறேன். ஆபீஸ் வேலையாக இந்த வருஷம் நவம்பர் பாதிவரை 34 செக்டார் (ஒரு வழிப் பயணம் ஒரு செக்டார்) பறந்திருக்கிறேன். 26 பெங்களூரு–சென்னை, மீதி 8 பெங்களூரு–ஹைதராபாத். எல்லாமே எகானமி, எல்லாமே ஒரே ஏர்லைன். டிக்கெட் கம்பெனி போர்ட்டலில் போடுவது. சராசரியாக ஒரு செக்டாருக்கு ரூ.4,200 ஆகிறது.

ஆப்பைத் திறந்தால் 29 செக்டார்தான் ஏறியிருக்கிறது. ஏறியதிலும் டியர் பாயின்ட் (சில்வர், கோல்டு நிலைக்கு எண்ணும் பாயின்ட்) நான் போட்ட கணக்கைவிடக் கிட்டத்தட்டக் கால் பங்கு குறைவு. விட்டுப்போன 5 செக்டாரை எப்படி வாங்குவது? பாயின்ட் ஏன் குறைகிறது? வருஷம் முடிவதற்குள் சொந்தக் காசில் இரண்டு ட்ரிப் போட்டாவது சில்வரைப் பிடித்துவிடலாமா? தெரிந்தவர்கள் வழி சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:

கால் பங்கு குறைவதற்குக் காரணம் தவறு அல்ல, வரி. ஏர் இந்தியா 2024 ஏப்ரலில் தூரக் கணக்கை விட்டுவிட்டுச் செலவுக் கணக்குக்கு மாறியது. இண்டிகோ அதே வருஷம் அறிவித்த ப்ளூசிப் திட்டமும் செலவுக் கணக்குதான். ஆக இன்றைக்கு நம் உள்நாட்டுப் பயணத்தில் எத்தனை தடவை பறந்தீர்கள் என்பதற்கு மதிப்பு கொஞ்சம்தான். எவ்வளவு கட்டினீர்கள் என்பதுதான் பேச்சு. அதிலும் முழு டிக்கெட் தொகை சேராது. அடிப்படைக் கட்டணமும் ஏர்லைன் தனக்காகப் போடும் சர்சார்ஜும் சேரும். அரசுக்கும் ஏர்போர்ட்டுக்கும் போகிற பணம் சேராது.

உங்கள் ரூ.4,200 டிக்கெட்டை உடைத்துப் பார்ப்போம். அடிப்படையும் சர்சார்ஜும் ரூ.3,100 என்று வையுங்கள். எகானமிக்கு ஜி.எஸ்.டி 5 சதவீதம், ரூ.155. விமானப் பாதுகாப்புக் கட்டணம் ரூ.200. மீதி ரூ.745 யூ.டி.எஃப் என்ற ஏர்போர்ட் பயன்பாட்டுக் கட்டணம், பிராந்திய இணைப்பு லெவி, போர்ட்டல் கட்டணம் என்று போய்விடும். கணக்கில் ஏறுவது அந்த 3,100 மட்டும், அதாவது 74 சதவீதம். உங்கள் கால் பங்கு அங்கேதான் போயிருக்கிறது.

34 செக்டாருக்குக் கம்பெனி கட்டியது ரூ.1,42,800. கணக்கில் வர வேண்டியது ரூ.1,05,400. இப்போது ஏறியிருப்பது 29 செக்டாருக்கான ரூ.89,900. விட்டுப்போனது ரூ.15,500. முதலில் இதைக் கேட்டு வாங்குங்கள், டிசம்பர் ட்ரிப்பைப் பிறகு பார்க்கலாம்.

இன்னொன்று: குறுந்தூர டிக்கெட்டில் இந்த வெட்டு எப்போதும் பெரிதாகவே தெரியும். ஏர்போர்ட் கட்டணம் சென்னைக்குப் போனாலும் டெல்லிக்குப் போனாலும் ஏறக்குறைய அதேதான். டிக்கெட் விலை சிறியது, அதனால் அதன் பங்கு பெரியது.

டிக்கெட் மேசை:

விட்டுப்போன 5 செக்டாருக்கும் இரண்டு விவரம் வேண்டும். போர்டிங் பாஸில் உங்கள் மெம்பர் நம்பர் அச்சாகி இருந்ததா? டிக்கெட்டில் பெயர் எப்படி இருக்கிறது, மெம்பர்ஷிப்பில் எப்படி இருக்கிறது? எழுத்து மாறாமல் அப்படியே சொல்லுங்கள்.

கோரமங்கலா வாசி:

மூன்றில் மெம்பர் நம்பரே இல்லை. அதில் ஒன்று, காலை விமானம் ரத்தாகி அதே ஏர்லைனின் மாலை விமானத்துக்கு மாற்றிவிட்டது. மற்ற இரண்டில் நம்பர் இருக்கிறது, பாயின்ட் ஏறவில்லை. அந்த இரண்டிலும் டிக்கெட் பெயர் 'செந்தில்குமார் ராமசாமி'. மெம்பர்ஷிப்பில் 'ஆர் செந்தில்குமார்'. ஆதாரில் 'செந்தில்குமார் ஆர்'.

டிக்கெட் மேசை:

சரி, பிடிபட்டது. இது ஏர்லைன் சிஸ்டத்துக்கும் நம் இனிஷியலுக்கும் உள்ள பழைய தகராறு. தமிழ்நாட்டுக்காரர்கள் எல்லாருமே ஒருமுறை உட்கார்ந்து சரிசெய்துகொள்ள வேண்டிய விஷயம், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

டிக்கெட்டில் பெயர் எப்போதும் 'குடும்பப் பெயர், சாய்கோடு, சொந்தப் பெயர்' என்ற வரிசையில் போகும். உங்கள் கம்பெனி எச்.ஆர். பாஸ்போர்ட்டைப் பார்த்துப் புரொஃபைல் போட்டிருப்பார்கள்; பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியலை விரித்துத்தான் எழுத வேண்டும், அதனால் அங்கே ராமசாமி குடும்பப் பெயர் ஆகிவிட்டது. மெம்பர்ஷிப்பில் சேரும்போது நீங்கள் முதல் பெயர்க் கட்டத்தில் 'ஆர்' என்றும் கடைசிப் பெயர்க் கட்டத்தில் 'செந்தில்குமார்' என்றும் போட்டிருக்கிறீர்கள். சிஸ்டம் கடைசிப் பெயரை ஒப்பிடுகிறது: ஒரு பக்கம் ராமசாமி, மறுபக்கம் செந்தில்குமார். 'ஆர்' என்பது அப்பா பெயர் என்று அதற்குத் தெரியாது. நம்பர் சரியாக இருந்தும், வேறு ஆள் என்று தள்ளிவிட்டது.

ஏறிய 29 மட்டும் எப்படி ஏறியது என்று பாருங்கள். போர்ட்டலில் உங்களுக்கு இரண்டு புரொஃபைல் இருக்க வாய்ப்பு அதிகம்: கடைசிப் பெயர் செந்தில்குமார் என்று இருக்கும் பழையது, பாஸ்போர்ட் பெயரில் புதியது. ஏறியவை பழையதில் போட்டவையாக இருக்கும். இரண்டும் இருக்கும்வரை இது திரும்பத் திரும்ப வரும்.

செய்ய வேண்டியது வரிசையாக: முதலில் மெம்பர்ஷிப் பெயரைப் பாஸ்போர்ட்படி மாற்றக் கோரிக்கை வையுங்கள், பாஸ்போர்ட் முதல் பக்க நகலோடு. மாறிய பிறகுதான் விட்டுப்போன பாயின்ட்டுக்கு விண்ணப்பம். வரிசையை மாற்றி முதலிலேயே விண்ணப்பித்தால், பழைய பெயரோடு ஒப்பிட்டு மறுபடியும் தள்ளும். அடுத்து போர்ட்டலில் ஒரே புரொஃபைல், அதிலேயே மெம்பர் நம்பர். அங்கே ஏற்றினால்தான் டிக்கெட் போடும்போது மெம்பர் நம்பர் எஃப்.க்யூ.டி.வி என்ற வரியாக பி.என்.ஆருக்குள் போகும். செக்-இன் சமயத்தில் சேர்ப்பதும் செல்லும், ஆனால் ஒருநாள் அவசரத்தில் மறந்துபோகும்.

பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டமே காலியாக இருப்பவர்களும் நம்மில் நிறையப் பேர். அவர்களுக்கு ஏர்லைனைப் பொறுத்து ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடுவார்கள், அல்லது கடைசிப் பெயர் இல்லை என்பதற்கான எல்.என்.யு. போடுவார்கள். டிக்கெட்டில் எது வருகிறதோ, மெம்பர்ஷிப்பிலும் அதுவே இருக்கட்டும்.

மாரத்தஹள்ளி மணி:

பெயர் விஷயத்தில் ஒரு ஒட்டு. முகத்தைப் பார்த்து ஏர்போர்ட்டுக்குள் விடுகிற டிஜியாத்ராவுக்கும் இதே பிரச்சினைதான். அது ஆதாரை வைத்துப் பதிவாகிறது. போர்டிங் பாஸ் பெயர் ஒத்துப்போகவில்லை என்றால் வாசல் கேமராவில் சிவப்பு விழும், மறுபடி சி.ஐ.எஸ்.எஃப் வரிசைக்குப் போக வேண்டியதுதான். ஆதாரையும் விரித்த பெயருக்குத் திருத்திவிட்டால் இரண்டும் தீர்ந்தது.

டிக்கெட் மேசை:

ஆமாம், அதையும் சேர்த்துச் செய்யுங்கள்.

இனி விண்ணப்பம். 6 எழுத்து பி.என்.ஆர் மட்டும் போதாது, 13 இலக்க இ-டிக்கெட் எண் வேண்டும். முதல் மூன்று இலக்கம் டிக்கெட்டை வெளியிட்ட ஏர்லைனைச் சொல்லும்: 098 என்றால் ஏர் இந்தியா, 618 என்றால் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ். பயணம் முடிந்து ஒரு வாரம் விட்டு விண்ணப்பியுங்கள். கெடு திட்டத்துக்குத் திட்டம் வேறு. ஆறு மாதம் தாண்ட விடாதீர்கள். உங்கள் ஐந்தில் மிகப் பழையது எதுவோ அதை முதலில் அனுப்புங்கள்.

ரத்தாகி மாற்றிவிட்ட டிக்கெட் தனிக் கேஸ். மாற்றும்போது டிக்கெட் மறுபடி வெளியாகும், எண் மாறும், பழைய எஃப்.க்யூ.டி.வி வரி புதியதுக்கு ஒட்டாமல் போவது சகஜம். பழைய எண்ணைப் போட்டால் 'எக்ஸ்சேஞ்ச் ஆனது' என்று நிராகரிப்பார்கள். புதிய எண்ணைப் போட்டு, குறிப்பில் பழைய எண்ணையும் ஏர்லைன் அனுப்பிய ரத்து எஸ்.எம்.எஸ்ஸையும் இணையுங்கள்.

எச்.எஸ்.ஆர். தமிழ்:

எல்லாம் சரியாக இருந்தும் நிராகரித்தால் ஃபேர் கிளாஸை, அதாவது டிக்கெட்டின் விலை வகையைப் பாருங்கள். டிக்கெட்டில் ஃபேர் பேஸிஸ் என்று ஒரு கோர்வை இருக்கும், பெரும்பாலும் அதன் முதல் எழுத்துதான் கிளாஸ். குழு புக்கிங், ஏஜென்ட் மொத்தமாக வாங்கிவைத்த சீட், பாயின்ட் கொடுத்து எடுத்த டிக்கெட் ஆகியவற்றுக்குப் பல திட்டங்களில் ஒன்றும் ஏறாது. கம்பெனி ஆஃப்சைட்டுக்கு இருபது பேர் சேர்ந்து போன டிக்கெட் இந்த ரகம்.

கோரமங்கலா வாசி:

மிகவும் நன்றி. போர்ட்டலில் நிஜமாகவே இரண்டு புரொஃபைல் இருந்தது. டிசம்பர் விஷயம் சொல்லுங்கள். ஐந்தும் ஏறினாலும் சில்வருக்குச் செலவுக் கணக்கில் இன்னும் சுமார் ரூ.12,000 குறையும் போலிருக்கிறது. டிசம்பரில் ஏற்கெனவே 6 செக்டார் ஆபீஸ் வேலை இருக்கிறது.

கணக்குப்பிள்ளை:

அப்படியென்றால் அந்த 6 செக்டாரே போதும்! 6 பெருக்கல் 3,100, ரூ.18,600. நவம்பர் வரைக்கும் மட்டும் பார்த்துப் பயந்திருக்கிறீர்கள். சொந்தக் காசைத் தொடாதீர்கள். ஒரே நிபந்தனை, பறக்கும் தேதி உங்கள் தகுதி வருஷத்துக்குள் இருக்க வேண்டும். டிக்கெட் எடுத்த தேதி கணக்கில்லை. டிசம்பர் 31க்கு இருந்த பயணம் ஜனவரி 2ஆம் தேதிக்குத் தள்ளிப்போனால், அது அடுத்த வருஷத்துக்குப் போய்விடும். வருஷம் என்பதே ஜனவரி–டிசம்பரா, நீங்கள் சேர்ந்த மாதத்திலிருந்து 12 மாதமா என்பதையும் ஆப்பில் உறுதி செய்யுங்கள். பிரிட்டிஷ் ஏர்வேஸுக்கு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. திட்டத்துக்குத் திட்டம் மாறும்.

6 செக்டாரில் பாதி ரத்தானால் என்ன செய்வது என்பதற்கும் கணக்குச் சொல்லிவைக்கிறேன். 3 செக்டார் மட்டும் போனால் ரூ.9,300 ஏறும், ரூ.2,700 குறையும். அப்போது தனியாக ஒரு சென்னை டிக்கெட் வாங்கினால் ரூ.4,200 செலவு, ஏறுவது 3,100. அதைவிட, போகிற 3 செக்டாரில் எகானமியிலேயே தேதி மாற்றக்கூடிய ஃபேருக்குச் செக்டாருக்கு ரூ.900 கூடுதல் போட்டால் 2,700 ஏறிவிடும், ஜி.எஸ்.டியோடு செலவு ரூ.2,835. தேதி மாற்றும் உரிமையும் கிடைக்கும், கம்பெனியே ஒப்புக்கொள்ள நியாயமும் இருக்கும்.

பிரீமியம் எகானமிக்குத் தாவலாமா என்று கேட்பீர்கள். 2025 செப்டம்பர் 22 முதல் எகானமி அல்லாத வகுப்புகளுக்கு ஜி.எஸ்.டி 18 சதவீதம். அது கூடுதல் தொகைக்கு மட்டும் அல்ல, முழுக் கட்டணத்துக்கும். 3,100 ஆக இருந்தது 5,100 ஆனால் வரி 155இலிருந்து 918 ஆகும். ரூ.2,000 ஏற்றுவதற்கு ரூ.2,763 கொடுக்கிறீர்கள். கம்பெனி ஜி.எஸ்.டி எண் டிக்கெட்டில் இருந்தால் அவர்கள் வரியைத் திரும்ப எடுக்கலாம். சொந்தச் செலவென்றால் அது போனதுதான். ஏலத்தில் அப்கிரேட் வாங்குவதும் இதற்கு உதவாது, பெரும்பாலும் பழைய டிக்கெட்டின் கணக்குதான் ஏறும்.

மாரத்தஹள்ளி மணி:

வெளிநாட்டுத் திட்டத்தில் போட்டால் சீக்கிரம் வரும் என்று யாராவது சொல்வார்கள். சென்னைக்கு வேண்டாம். சிங்கப்பூரின் கிரிஸ்ஃப்ளையரில் எலைட் சில்வருக்கு 12 மாதத்தில் 25,000 மைல், கோல்டுக்கு 50,000. பெங்களூரு–சென்னை சுமார் 170 மைல். முழு மைல் கிடைக்கிற கிளாஸ் என்றே வைத்தாலும் சில்வருக்கு 148 செக்டார். டெல்லி சுமார் 1,060 மைல், 24 செக்டாரில் முடியும். பெங்களூரு–டெல்லி ஓடுகிறவர் அதை யோசிக்கலாம், நீங்கள் வேண்டாம்.

செக்டார் எண்ணிக்கைக்கே தகுதி தருகிற திட்டமும் உண்டு. பிரிட்டிஷ் ஏர்வேஸ் 25 விமானத்துக்கு வெண்கலம், 50க்கு வெள்ளி தருகிறது. ஆனால் அது அவர்களுடைய விமானங்களுக்கு. நம் உள்நாட்டு ஓட்டத்துக்கு ஆகாது. ஒரு பயணத்தை ஒரே திட்டத்தில்தான் ஏற்ற முடியும், ஏறிய பிறகு மாற்ற முடியாது என்பதையும் மறக்க வேண்டாம்.

எச்.எஸ்.ஆர். தமிழ்:

சில்வரிடம் என்ன எதிர்பார்க்கிறீர்கள் என்பதும் முக்கியம். ஏர் இந்தியா 2014 ஜூலையிலிருந்து ஸ்டார் அலையன்ஸில் இருக்கிறது. அந்தக் கூட்டணி அளவில் சில்வருக்குக் கிடைப்பது காத்திருப்புப் பட்டியலில் முன்னுரிமை மட்டும். லவுஞ்ச், கூடுதல் 20 கிலோ, முன்னுரிமை போர்டிங் எல்லாம் கோல்டுக்குத்தான். அதற்கு மேல் ஏர்லைன் தன் விமானத்தில் என்ன தருகிறது என்பதை அதன் பட்டியலில் பாருங்கள். லவுஞ்ச் மட்டும்தான் வேண்டும் என்றால், பெங்களூரு லவுஞ்சுக்குக் கிரெடிட் கார்டே போதும். காலாண்டுச் செலவு நிபந்தனை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

கோரமங்கலா வாசி:

பெயர் மாற்றக் கோரிக்கை அனுப்பியாயிற்று. கடைசியாக ஒன்று. நம்பர் அச்சாகாத மூன்றில் இரண்டு போர்டிங் பாஸைத் தொலைத்துவிட்டேன். விண்ணப்பம் செல்லுமா?

டிக்கெட் மேசை:

செல்லும். கம்பெனி டிராவல் டெஸ்கில் அந்த இரண்டு டிக்கெட்டின் கூப்பன் நிலையை, அதாவது டிக்கெட் பயன்பட்டதா என்ற பதிவைக் கேளுங்கள். 'ஃப்ளோன்' அல்லது 'யூஸ்டு' என்று இருக்கும் ஸ்க்ரீன்ஷாட், அதோடு ஏர்லைனின் ஜி.எஸ்.டி இன்வாய்ஸ், இரண்டையும் இணைத்தால் போதும். 'ஓபன்' என்று காட்டினால் மட்டும் உடனே சொல்லுங்கள். நீங்கள் பறந்தது அவர்கள் பதிவில் ஏறவில்லை என்று அர்த்தம், அது பாயின்ட் பிரிவுக்குப் போவதற்கு முன் டிக்கெட் பிரிவில் சரிசெய்ய வேண்டியது.